வயசானா அப்படித்தான்!

அப்பா நான்கு முறை சாவியைத் தேடினால் டாக்டரிடம் அழைத்துப் போகிறோம். அம்மா உலையில் அரிசி போட்டதை மறந்தால் "வயசானா அப்படித்தான்" என்கிறோம். கேட்பதற்கு ஆறுதல் போலிருக்கும் இந்த வாக்கியத்தை நான் வெறுக்கிறேன். ஒரு பெண்ணுக்கு வாழ்நாள் முழுக்கச் செய்ததையெல்லாம் இயற்கையின் தலையில் கட்டிவிட்டு நகர்ந்துகொள்ள இது வழிசெய்கிறது.

வயதானால் மூளையின் வேகம் குறையும், உண்மைதான். தெரிந்தவர் பெயர் உடனே நினைவுக்கு வராது. பத்து நிமிடம் கழித்து வரும். ஆனால் ஐம்பது வருடம் வைத்த குழம்பை எப்படி வைப்பதென்று திகைத்து நிற்பதும், சொந்தத் தெருவில் வழி தவறுவதும் முதுமையின் இயல்பல்ல. அது டிமென்ஷியா எனப்படும் மறதிநோயாக இருக்கலாம். தைராய்டு குறைபாடாகவோ, பி12 சத்துக் குறைவாகவோ, மனச்சோர்வாகவோ இருந்தால் மருந்தில் தேறவும் வாய்ப்புண்டு. நேற்றுவரை தெளிவாக இருந்த பாட்டி இன்று திடீரென உளறினால் அதற்குச் சிறுநீர்த் தொற்றோ உடலில் நீர் வற்றியதோ காரணமாகலாம். போகிற இடத்தில் கழிவறை இருக்காதே என்று தண்ணீர் குடிக்காமலே பழகிய தலைமுறை அது. "அப்படித்தான்" என்று சொன்ன வீட்டில் இதில் எதையும் யாரும் தேடப்போவதில்லை.

இந்தியாவில் அறுபது வயதைத் தாண்டியவர்களில் சுமார் 88 லட்சம் பேருக்கு மறதிநோய் இருப்பதாக 2023இல் வெளியான ஆய்வு கணித்தது. ஆண்களைவிடப் பெண்களிடம் விகிதம் அதிகம். பெண்கள் கூடுதல் காலம் வாழ்கிறார்கள், அதனால்தான் என்று பதில் வரும். அது பாதி பதில். லான்செட் ஆணையத்தின் 2024 அறிக்கை, மாற்றக்கூடிய 14 ஆபத்துக் காரணிகளைப் பட்டியலிடுகிறது. அவற்றைச் சரிசெய்தால் உலகில் ஏறத்தாழ பாதி மறதிநோயைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்கிறது. குறைந்த படிப்பு, கவனிக்கப்படாத காது, கவனிக்கப்படாத கண், மனச்சோர்வு, தனிமை, ரத்த அழுத்தம், சர்க்கரை... இந்தப் பட்டியலை நம் ஊர்க் கிழவி ஒருத்தியின் வாழ்க்கை வரலாறாகவே வாசிக்கலாம்.

1951 கணக்கெடுப்பின்போது இந்தியப் பெண்களில் நூற்றுக்கு ஒன்பது பேருக்குக்கூட எழுத்து தெரியாது. இன்று எண்பதை நெருங்கும் பெண்கள் அந்தக் காலத்துக் குழந்தைகள். தம்பியைத் தூக்கிக்கொள்ள ஆள் வேண்டுமென்று பள்ளியை விட்டு நிறுத்தப்பட்டவர்கள். அவர்களுக்குக் காது மந்தமானால் அது வீட்டில் நகைச்சுவை. காதுமெஷின் வாங்குவது வீண்செலவு. கண்புரை அறுவைச் சிகிச்சை பேத்தியின் கல்யாணம் முடியட்டும் என்று தள்ளிப்போகும். கணவன் செத்தபின் நல்ல காரியங்களில் பின்வரிசை. அழுதால் அது புலம்பல். பேச்சும் மனிதர்களும் வேலையும் இருந்தால்தான் மூளை துலங்கும். மூன்றையும் பிடுங்கிக்கொண்டு வயதின் மேல் பழிபோடுகிறோம்.

பரிசோதனைக்கு அழைத்துப் போனாலும் பாரபட்சம் கூடவே வரும். என் பெரியம்மாவை ஒரு மருத்துவமனைக்குக் கூட்டிப்போனேன். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார்கள். ஒரு வாக்கியம் எழுதச் சொன்னார்கள். பெரியம்மா பேனாவே பிடித்ததில்லை. இன்று என்ன தேதி என்று கேட்டதற்கு, "நாளன்னிக்கு அமாவாசை" என்றார். சரியான பதில். ஆனால் தாளில் தவறு என்று குறித்தார்கள். படிக்க விடாத சமூகமே படிப்பாளிக்கான பரீட்சை வைத்து மதிப்பெண்ணைக் குறைக்கிறது. எழுத்தறியாதவர்களுக்கென்றே வடிவமைத்த நினைவுச் சோதனைகள் இந்தியாவில் உண்டு. 1990களிலேயே இந்தி மொழியில் செய்துகாட்டினார்கள். எல்லா மருத்துவமனையிலும் அதைக் கேட்டு வாங்க வேண்டியது நம் உரிமை.

அடுத்தது பராமரிப்பு. 2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், பிள்ளைகள் என்று மகன், மகள், பேரன், பேத்தியைக் குறிப்பிடுகிறது. அந்த வரையறையில் மருமகள் இல்லை. ஆனால் இரவு மூன்று மணிக்கு ஈரத்துணி மாற்றுகிறவள் யார்? வேலையை விட்டவள் யார்? பொறுப்பு மகனுடையது, உழைப்பு மருமகளுடையது, "என் பிள்ளை தங்கமா பார்த்துக்கிறான்" என்ற பாராட்டு மறுபடியும் மகனுக்கு. தூக்கமும் சம்பளமும் தோழிகளும் இல்லாமல் பத்து வருடம் உழைக்கும் அவள், அந்த 14 காரணிகளில் எத்தனையைச் சேர்த்துக்கொள்கிறாள் என்று எண்ணிப் பாருங்கள். இன்றைய பராமரிப்பாளரை நாளைய நோயாளியாக்குகிறோம்.

"பாசத்துக்கு விலை பேசுவதா?" என்று கேட்பார்கள். பாசம் என்றால் அதை மகன்களும் செய்யட்டும். மலம் துடைக்கும் வேலை வந்ததும் பாசம் ஏன் பெண்ணுக்கு மட்டும் சுரக்கிறது?

தோழிகளே, கேட்க வேண்டியவை தெளிவாக இருக்கின்றன. ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே காது, கண், நினைவுப் பரிசோதனை. கேட்காத காதுக்கு இலவசக் கருவி. பகல்நேரப் பராமரிப்பு மையங்கள். பராமரிக்கும் பெண்ணுக்கு ஊதியமும் விடுப்பும். வீட்டுப் பத்திரத்தில் மூதாட்டியின் பெயர்.

இவை வரும்வரை காத்திருக்காமல் இன்றே செய்யக்கூடியது ஒன்றுண்டு. அடுத்த முறை யாராவது "வயசானா அப்படித்தான்" என்றால் விடாமல் கேளுங்கள்: "எப்படித்தான்? எப்போதிலிருந்து? எந்த டாக்டர் சொன்னார்?"