தண்ணீருக்குத் தீட்டு உண்டா?

தண்ணீர் விஷயத்தில் நம் நாட்டாரைப் போல் ஆசாரமுடையவர்கள் உலகத்தில் வேறு யாருமில்லை என்று வைதிகர்கள் பெருமை பேசிக்கொள்வதுண்டு. விடிந்தால் ஒரு ஸ்நானம்; சாவுக்கு ஒரு ஸ்நானம்; கிரகணத்திற்கு ஒரு ஸ்நானம்; கோவிலுக்குப் போனால் உள்ளங்கையில் தீர்த்தம். இவ்வளவு ஸ்நானமும் தீர்த்தமும் உள்ள நாட்டில் ஆறும் ஏரியும் குளமும் கிணறும் மாத்திரம் ஏன் நாற வேண்டும்? குடிக்கிற தண்ணீரைக் காசு கொடுத்துக் கேனில் வாங்கும்படியான நிலை ஏன் வந்தது? இதை யாராவது யோசித்துப் பார்த்ததுண்டா?

நமக்குத் தெரிந்தவரை காரணம் ஒன்றுதான். நமக்குத் தீட்டைப் பற்றிச் சொல்லிக் கொடுத்தார்கள். அழுக்கைப் பற்றிச் சொல்லிக் கொடுக்கவில்லை. தீட்டு என்பது மனிதனைப் பார்த்துச் சொல்லுவது. அழுக்கு என்பது தண்ணீரைப் பார்த்துச் சொல்லுவது. "யார் தொட்டான்?" என்று கேட்கப் பழகியவன் "என்ன விழுந்தது?" என்று கேட்க மறந்துபோனான்.

நமது ஆற்றின் கதையையே எடுத்துக்கொள்வோம். ஆரணிப் பக்கத்து ஊர்களுக்கெல்லாம் கமண்டல நாகநதிதான் ஆறு. அது ஜவ்வாது மலையில் பெய்கிற மழையால் ஓடுகிறது. மழை நின்றால் மணலாய்க் கிடக்கிறது. ஆனால் நமக்குச் சொல்லப்படுவது என்ன? ரிஷியின் கமண்டலத்திலிருந்து பெருகியதாம். அந்த ரிஷியின் பெண்சாதி ரேணுகை தினந்தோறும் ஆற்று மணலைப் பிசைந்து, சுடாத குடம் செய்து, கற்பின் மகிமையால் அதில் தண்ணீர் கொண்டு வந்தாளாம். ஒருநாள் தண்ணீரில் யாரோ கந்தர்வனின் நிழலைப் பார்த்துவிட்டாளாம், குடம் கரைந்துவிட்டதாம், அதற்காகப் புருஷன் கட்டளையிட, பெற்ற பிள்ளையே தாயின் தலையை வெட்டினானாம். படவேட்டில் இன்றும் இந்தக் கதையைச் சொல்லித்தான் அம்மனைக் கும்பிடுகிறார்கள்.

சூளையில் வேகாத குடம் தண்ணீர் பட்டால் கரையும் என்பது எந்தக் குயவர் வீட்டுக் குழந்தைக்கும் தெரியும். புராணம் எழுதினவருக்கு மாத்திரம் தெரியவில்லை. அது போகட்டும். தண்ணீர் சுமந்தவளுக்குத் தலை போயிற்று. உட்கார்ந்து குடித்தவருக்கு ரிஷிப் பட்டம் கிடைத்தது. இன்றைக்கும் குழாயடியில் குடத்தோடு வரிசையில் நிற்பவள் பெண். அவள் கொண்டு வந்த தண்ணீரை முகங் கழுவுவதற்குள் அரைக்குடம் கொட்டுகிறவன் ஆண். ஒரு மாதம் ஆண்பிள்ளைகள் குடம் தூக்கினால், தண்ணீர்ச் சிக்கனத்தைப் பற்றி நாம் தலையங்கம் எழுத வேண்டிய அவசியமே இராது.

நிற்க. தீட்டு என்னும் பைத்தியம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஒரு உதாரணம் சொல்லுவோம். பம்பாய் மாகாணத்தில் மகாடு என்ற ஊரில் சவதார் என்று ஒரு பொதுக் குளம். அதில் எல்லா ஜாதியாரும் தண்ணீர் எடுக்கலாம், ஆடுமாடும் குடிக்கலாம், தீண்டப்படாதவர் என்று ஒதுக்கப்பட்ட மனிதர் மாத்திரம் கை வைக்கக் கூடாது. 1927 மார்ச்சு 20-இல் டாக்டர் அம்பேத்கர் ஆயிரக்கணக்கான தோழர்களுடன் போய் அந்தக் குளத்துத் தண்ணீரைக் குடித்தார். உடனே வைதிகர்கள் குளத்தைச் "சுத்தி" செய்தார்கள். எப்படி? பசுவின் சாணமும் மூத்திரமும் பாலும் தயிரும் கலந்து 108 குடம் மந்திரத்தோடு குளத்தில் ஊற்றினார்கள்! மனிதன் கைபட்ட தண்ணீர் அசுத்தமாம். மாட்டுச் சாணம் கரைத்த தண்ணீர் சுத்தமாம். அந்தக் குளத்தில் எல்லோருக்கும் உரிமை உண்டு என்று பம்பாய் ஹைகோர்ட்டு சொல்லுவதற்குப் பத்து வருஷம் ஆயிற்று.

இது பழங்கதை என்று யாரும் நினைக்க வேண்டாம். 2022 டிசம்பரில் நமது தமிழ்நாட்டிலேயே, புதுக்கோட்டை ஜில்லா வேங்கைவயலில், தாழ்த்தப்பட்ட மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் மலம் கலந்திருந்தது தெரிய வந்தது. அந்தத் தண்ணீரைக் குடித்த குழந்தைகள் நோயில் விழுந்த பிறகே அது வெளிப்பட்டது. ஊருக்கு ஒரு தொட்டி, சேரிக்கு ஒரு தொட்டி என்று பிரித்து வைக்கிற வரையில், ஒருவன் குடிக்கும் தண்ணீரைப் பற்றி இன்னொருவனுக்குக் கவலை எப்படி வரும்? ஒரே தொட்டியில் எல்லோரும் குடித்தால் எல்லோரும் அதைக் காவல் காப்பார்கள். தண்ணீரைச் சுத்தமாய் வைப்பதற்கு ஜாதி ஒழிப்பைப் போல் நல்ல மருந்து வேறில்லை என்று நாம் சொல்லுவது இதனால்தான்.

இனி, அழுக்கு என்றால் என்னவென்று பார்ப்போம். வாந்திபேதி வந்தால் அம்மனுக்குக் கோபம் என்று கூழ் ஊற்றிக்கொண்டிருந்தோம். 1854-இல் லண்டனில் ஜான் ஸ்நோ என்ற வைத்தியர், செத்தவர்கள் எல்லாம் பெரும்பாலும் ஒரே குழாயில் தண்ணீர் எடுத்தவர்கள் என்று கணக்கிட்டுக் காட்டினார். 1884-இல் கல்கத்தாவில் ராபர்ட் கோக் என்ற ஜெர்மானியர், ஜனங்கள் குளித்துத் துவைத்துக் குடித்த ஒரு குளத்துத் தண்ணீரிலேயே அந்நோயின் கிருமியைக் கண்டார். அம்மன் அங்கே இல்லை, மலம் இருந்தது. கங்கை புண்ணிய நதியாயிற்றே என்பார்கள். 2025-இல் பிரயாகையில் கும்பமேளா நடந்தபோது, பல இடங்களில் அந்தத் தண்ணீரில் மலக்கிருமி குளிப்பதற்குரிய அளவுக்குமேல் இருந்ததாக மத்திய சர்க்காரின் மாசுக் கட்டுப்பாட்டு வாரியமே அறிக்கை கொடுத்தது. கிருமிக்குப் புண்ணியம் பாவம் தெரியாது. பார்ப்பனன், பறையன் என்ற வித்தியாசமும் தெரியாது. அதற்குள்ள அறிவு நமக்கு இல்லை!

இனி நம் தொழிலுக்கு வருவோம். முள்ளிப்பட்டில் நாம் பட்டு நெய்து பிழைக்கிறவர்கள். கச்சாப் பட்டில் நூற்றுக்கு இருபது முதல் முப்பது பங்கு வரை பசை. நூலைச் சோப்பும் சோடாவும் போட்டுக் கொதிக்கவைத்து அந்தப் பசையை எடுத்தால்தான் பளபளப்பு வரும், சாயமும் பிடிக்கும். அந்தப் பசை எங்கே போகிறது? தண்ணீரில் போகிறது. அதோடு சோப்பும் சோடாவும் மிஞ்சிய சாயமும் போகின்றன. பசை அழுகும்போது தண்ணீரிலுள்ள உயிர்வாயுவைத் தின்றுவிடுகிறது; மீன் சாகிறது; நாற்றம் எடுக்கிறது. மலக்கிருமியைக் கொதிக்கவைத்துக் கொல்லலாம். சாயத்தையும் உப்பையும் எவ்வளவு கொதிக்கவைத்தாலும் போகாது; தண்ணீர் சுண்டச் சுண்ட உப்பு இன்னும் கடுக்கும். ஆகவே அதை வாய்க்காலில் விடாமல் பட்டறையிலேயே தடுப்பது தவிர வேறு வழி கிடையாது.

"சிறு தொழில்காரர்களைக் கெடுக்கப் பார்க்கிறீர்களா?" என்று சிலர் கேட்கக்கூடும். கெடுப்பது நாமல்ல. திருப்பூரில் என்ன நடந்தது? சாயத் தண்ணீரை நொய்யலில் விட்டார்கள், விவசாயிகள் வழக்காடினார்கள், 2011 ஜனவரியில் சென்னை ஹைகோர்ட்டு நூற்றுக்கணக்கான சாயப்பட்டறைகளை மூடச் சொல்லிற்று. முதலாளி தாங்கினான், கூலிக்காரன் தெருவில் நின்றான். நமக்குப் பக்கத்துப் பாலாற்றின் கதியும் தெரிந்ததே. தோல் பதனிடும் கழிவினால் கெட்ட அந்த ஆற்றிற்காக 1996-இல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொல்ல வேண்டி வந்தது. அந்த நிலை நமக்கு வருமுன் விழித்துக்கொள்வதுதான் புத்தி. கடைசியாய் அலசின தண்ணீரை அடுத்த நூலுக்கு முதல் அலசலாய் வைத்துக்கொள்ளலாம். இதற்குக் காசு வேண்டாம். மிஞ்சுகிற கழிவுக்குப் பட்டறைக்காரர்கள் கூடிப் பொதுவில் ஒரு சுத்திகரிப்பு நிலையம் கேட்கலாம். பட்டுக்கு மானியம் கேட்கிற வாய் இதற்கும் திறக்கட்டும்.

வீட்டில் செய்யக்கூடியதையும் சொல்லிவிடுகிறோம். பழைய நூல் சேலையை நாலைந்து மடிப்பாய் மடித்துத் தண்ணீரை வடிகட்டுங்கள். வங்காள தேசத்தில் இப்படிச் செய்த கிராமங்களில் வாந்திபேதி ஏறக்குறைய பாதியாய்க் குறைந்தது என்று 2003-இல் ஆராய்ச்சிக்காரர்கள் எழுதியிருக்கிறார்கள். வடிகட்டிய பின் தளதளவென்று கொதிக்கவிட்டு, ஆறவைத்து, மூடி வையுங்கள், கைவிட்டு மொள்ளாதீர்கள். கிணறாயிருந்தால் குறுக்களவை மீட்டரில் அளந்து, அதை அதனாலேயே பெருக்கி, தண்ணீரின் ஆழத்தாலும் 785-ஆலும் பெருக்குங்கள். எத்தனை லிட்டர் என்று தெரியும். ஆயிரம் லிட்டருக்கு இரண்டரை கிராம் நல்ல பிளீச்சிங் பவுடர். இரண்டு மீட்டர் குறுக்களவும் மூன்று மீட்டர் தண்ணீரும் உள்ள கிணற்றுக்குச் சுமார் 24 கிராம் போதும். வாளியில் கரைத்துத் தெளியவிட்டு, தெளிவை மாத்திரம் கிணற்றில் ஊற்றிக் கலக்கி, ஒரு மணி நேரம் கழித்துத் தண்ணீர் எடுங்கள். இது 108 குடம் பஞ்சகவ்வியத்தைவிட மலிவு, வேலையும் செய்யும்.

வினாடிக்கு ஒரு சொட்டு ஒழுகுகிற குழாய் நாளொன்றுக்கு நாலு லிட்டருக்குக் குறையாமல் வீணாக்குகிறது. அதற்கு வேண்டியது வருண ஜபமல்ல, ஒரு வாஷர். 2003-இல் சர்க்கார் வீடுதோறும் மழைநீர்ச் சேகரிப்பைக் கட்டாயமாக்கிற்று. அந்தக் குழியும் குழாயும் இன்று எத்தனை வீட்டில் அடைபட்டுக் கிடக்கின்றன என்று அவரவரே பார்த்துக்கொள்ளட்டும். களிமண்ணுக்குப் பதில் பாரிஸ் சாந்தில் செய்து வர்ணம் பூசிய பிள்ளையாரை ஏரியில் போடக்கூடாது என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2020-இல் விதி செய்திருக்கிறது. கும்பிடுகிறவர்கள் தங்கள் சாமியைத் தங்கள் வீட்டோடு வைத்துக்கொள்ளட்டும். நாம் குடிக்கிற தண்ணீரில் கரைக்க அவர்களுக்கு என்ன உரிமை?

பெரியார் காங்கிரசில் சேருமுன் ஈரோடு முனிசிபாலிட்டிச் சேர்மனாயிருந்தபோது காவிரித் தண்ணீரைக் குழாய் வழியாய் ஊருக்குக் கொண்டுவரும் திட்டத்தை நிறைவேற்றினார். காவிரிக்குப் பூசை போட்டல்ல. குழாய் போட்டுத்தான் தண்ணீர் வந்தது. ஊர்க்காரியம் அப்படித்தான் நடக்கும்.

ஆகவே தோழர்களே! வருஷத்தில் ஆறு தடவை கிராம சபை கூடுகிறது. உலகத் தண்ணீர் தினமாகிய மார்ச்சு 22-உம் அதில் ஒன்று. அங்கே போங்கள், பெண்களை முன்னால் உட்கார வையுங்கள், நாலு கேள்வி கேளுங்கள். தொட்டி எந்தத் தேதியில் கழுவப்பட்டது, அந்தத் தேதி ஏன் தொட்டியில் எழுதப்படவில்லை? குளோரின் போடுகிறவர் யார், அளவு பார்க்கிறவர் யார்? சாயக் கழிவு எந்த வாய்க்காலில் போகிறது? எல்லாத் தெருவுக்கும் ஒரே தொட்டியா, வேறு வேறா? பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதும்வரை எழுந்திருக்காதீர்கள்.