கேட்பதற்கு ஒருவர் வேண்டும்

கடந்த பருவ விடுமுறைக்குக் கூலாயில் உள்ள வீட்டிற்குச் சென்றிருந்தேன். முதலாம் ஆண்டில் பயிலும் என் அக்காள் மகன், பள்ளிப்பையைத் திறந்து தமிழ்ப் பாடநூலை எடுத்து வந்தான். “சித்தி, நான் வாசிக்கிறேன், கேளுங்க” என்றவன், கடகடவென்று ஒரு பக்கத்தை முடித்துவிட்டான். ஓரிடத்திலும் தடுமாற்றம் இல்லை. தமிழ்ப்பள்ளியில் படித்த எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அடுத்த பக்கத்திலும் அப்படித்தான் வாசித்தான். ஆனால், அவன் கண்கள் பாதி நேரம் சன்னலுக்கு வெளியே இருந்தன. எனக்கு ஐயம் எழுந்தது. படத்தைக் கையால் மறைத்துக்கொண்டு, வாக்கியத்தின் நடுவில் இருந்த ஒரு சொல்லை மட்டும் தொட்டு, “இது என்ன சொல்?” என்று கேட்டேன். விழித்தான். ‘கோழி’ என்ற சொல் அது. சற்றுமுன் படம் தெரிந்தபோது மூன்று முறை சரியாகச் சொன்ன அதே சொல். அவன் வாசிக்கவில்லை, வகுப்பில் கேட்டதை மனப்பாடமாக ஒப்பித்திருக்கிறான்.

அப்போது நான் செய்ததை இங்கே மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். “இவ்வளவு நாள் பள்ளிக்குப் போய் இதுகூடத் தெரியாதா?” என்று குரலை உயர்த்தினேன். அவன் நூலை மூடி வைத்துவிட்டுப் பாட்டியிடம் போய்விட்டான். அடுத்த இரண்டு நாள்களுக்கு அந்த நூல் என் பக்கமே வரவில்லை. பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டு படிக்கும் எனக்கு, ஏழு வயதுப் பிள்ளையிடம் எப்படிப் பேசுவது என்று தெரியவில்லை.

பிள்ளை படிப்பில் பின்தங்கினால் நம் வீடுகளில் என்ன செய்கிறோம்? பயிற்சி நூல் வாங்குகிறோம், டியூஷனுக்கு அனுப்புகிறோம். எங்கள் வீட்டிலும் மூன்று பயிற்சி நூல்கள் இருந்தன. வாரம் இருமுறை டியூஷன் வகுப்பும் இருந்தது. பணம் செலவழித்தாயிற்று, இனி படிப்பு தானாக வரும் என்று எல்லாரும் நம்பிக்கொண்டிருந்தோம். அவன் வாசிப்பதை ஒரு நாளும் ஒருவரும் உட்கார்ந்து கேட்டதில்லை. இதுதான் உண்மை.

தமிழ்ப்பள்ளியில் காலடி எடுத்து வைக்கும் பிள்ளை சுமக்கும் சுமையை நாம் எண்ணிப் பார்த்திருக்கிறோமா? முதலாம் ஆண்டிலேயே அவனுக்கு மூன்று மொழிகள், இரண்டு எழுத்து முறைகள். தமிழில் 247 எழுத்துகள். ‘கெ’ என்று எழுதும்போது கொம்பு முதலில் கண்ணில் படுகிறது. ஆனால் நாக்கு ககரத்தை முதலில் ஒலிக்க வேண்டும். ‘கோ’ என்றால் எழுத்தின் இரு பக்கமும் குறிகள் நிற்கின்றன. ‘கோழி’யில் என் அக்காள் மகன் மாட்டிக்கொண்டது இங்கேதான். மலாய், ஆங்கிலப் பாடங்களிலோ வேறு வகைச் சிக்கல். ‘ஐ’ என்று நாம் பெயர் சொல்லும் உரோமன் எழுத்து, மீனைக் குறிக்கும் ‘ஈக்கான்’ என்ற மலாய்ச் சொல்லில் ஓர் ஒலி. ‘ஐஸ்’ என்ற ஆங்கிலச் சொல்லில் வேறோர் ஒலி. ‘சி’ என்ற எழுத்தும் அப்படியே. கோப்பையைக் குறிக்கும் ‘சாவான்’ என்ற மலாய்ச் சொல்லில் அது சகரம். பூனையைக் குறிக்கும் ‘கேட்’ என்ற ஆங்கிலச் சொல்லில் அது ககரம். காலையில் ஒரு விதி, அரை மணி நேரம் கழித்து இன்னொரு விதி! ஏழு வயதில் இத்தனையையும் பிரித்தறியத் திணறும் பிள்ளையை ‘மக்கு’ என்று சொல்வது எவ்வளவு பெரிய அநீதி?

இந்தச் சிக்கலை ஆசிரியர் அறியமாட்டாரா என்று கேட்கலாம். அறிவார். ஆனால், ஒரு வகுப்பில் உள்ள ஒவ்வொரு பிள்ளையையும் நாள்தோறும் தனியாக வாசிக்க வைத்துக் கேட்க அவருக்கு நேரம் போதாது. பிள்ளைகள் சேர்ந்து வாசிக்கும்போது ஒரு குரல் மற்றொரு குரலுக்குள் ஒளிந்துகொள்ளும். மேலும், 2019ஆம் ஆண்டு தொடங்கி முதலாம் ஆண்டு முதல் மூன்றாம் ஆண்டு வரையிலான மாணவர்களுக்குத் தேர்வுகள் அகற்றப்பட்டு, வகுப்பறை மதிப்பீடு நடப்புக்கு வந்தது. சிறு பிள்ளைகளுக்குத் தேர்வுச் சுமை குறைந்தது நல்லதே. ஆயினும், 100க்கு எத்தனை என்று புள்ளிகளைப் பார்த்துப் பழகிய பெற்றோருக்கு, 1 முதல் 6 வரையிலான அடைவு நிலை எதைச் சொல்கிறது என்பது எளிதில் புரிவதில்லை. பிள்ளை வாசிக்கிறானா இல்லையா என்பதை உடனுக்குடன் அறிய வீட்டில் ஒருவர் காது கொடுத்துக் கேட்பதே நேரான வழி.

அந்த ஒருவர் யார்? எங்கள் வீட்டில் அக்காளும் மாமாவும் சிங்கப்பூரில் வேலை செய்கிறார்கள். விடியற்காலை 4.30 மணிக்கு மோட்டார் சைக்கிளில் புறப்பட்டால் வீடு திரும்ப இரவு எட்டாகிவிடும். ஜொகூரில் இப்படி எத்தனையோ குடும்பங்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. பகல் முழுவதும் பிள்ளையோடு இருப்பவர் என் அம்மா. அவரிடம், “அம்மா, நீங்க கொஞ்சம் சொல்லிக் கொடுக்கக் கூடாதா?” என்று கேட்டேன். “எனக்கு என்னம்மா தெரியும்? நான் படிச்சதே தோட்டத்துப் பள்ளியில ஆறாம் வகுப்பு” என்றார்.

அந்தப் பதில் எனக்குப் பழக்கமானது. நான் முதலாம் ஆண்டில் சேர்ந்தது 2010இல். கணிதத்தையும் அறிவியலையும் ஆங்கிலத்தில் கற்பிக்கும் திட்டம் 2003இல் தொடங்கி அப்போதும் நடப்பில் இருந்தது. என் கணக்கு நூலை அம்மா ஒரு முறை புரட்டிப் பார்த்துவிட்டு மேசையில் வைத்தது இன்றும் நினைவில் இருக்கிறது. அவருக்குக் கணக்கு தெரியும், ஆங்கிலம்தான் தெரியாது. ஆனால், கணக்கே தனக்குத் தெரியாது என்று அன்று முடிவு செய்துவிட்டார். அத்திட்டம் பின்னர் கைவிடப்பட்டது. என் அக்காள் மகன் பயிலும் பள்ளியில் கணிதம் தமிழில்தான் நடக்கிறது. நூலின் மொழி திரும்பி வந்துவிட்டது. அம்மாவின் தன்னம்பிக்கைதான் திரும்பி வரவில்லை.

அது திரும்பிய நாளைச் சொல்கிறேன். அம்மா காலையில் வீட்டருகே நாசி லெமாக் விற்கிறார். ஒரு பொட்டலம் 2 வெள்ளி 80 காசு. விடுமுறையின் இரண்டாம் வாரம், பேரன் பயிற்சி நூலில் 50இலிருந்து 28ஐக் கழித்து 38 என்று எழுதி வைத்திருந்தான். நான் சிவப்புப் பேனாவை எடுத்தேன். பக்கத்தில் நெத்திலி தலை கிள்ளிக்கொண்டிருந்த அம்மா, “எப்படிய்யா செஞ்ச?” என்று அவனைக் கேட்டார். “எட்டுல பூஜ்யம் போனா எட்டு, அஞ்சுல ரெண்டு போனா மூணு, பாட்டி” என்றான். சிறிய எண்ணிலிருந்து பெரிய எண் போகாது என்பதால், அவனாகவே திருப்பிப் போட்டுவிட்டான்! நான் கேட்காத கேள்வி அது. விடை தவறு என்று எனக்குத் தெரிந்தது. எங்கே தவறினான் என்று அம்மாவுக்குத் தெரிந்தது.

“பத்துப் பொட்டலம் வாங்கிட்டு ஒருத்தர் அம்பது வெள்ளி கொடுக்கிறாரு. விலை இருபத்தெட்டு. நீ முப்பத்தெட்டு வெள்ளி மீதி கொடுத்தா பாட்டி கடையை மூட வேண்டியதுதான்” என்றார் அம்மா. அவன் சிரித்துவிட்டான். பிறகு காசுப் பெட்டியைக் கொண்டு வரச் சொன்னார். “இருபத்தெட்டு முப்பதாக எத்தனை? ரெண்டு. முப்பது அம்பதாக? இருபது. ஆக எவ்வளவு?” “இருபத்திரண்டு!” ஒரு ஐம்பது வெள்ளித் தாளை ஐந்து பத்து வெள்ளித் தாள்களாக மாற்றி வைத்தும் காட்டினார். பள்ளியில் பத்தை உடைத்துக் கழிக்கச் சொல்வதும் இதுதானே! ஆறாம் வகுப்போடு நின்றவர் அன்று எனக்கும் சேர்த்தே பாடம் நடத்தினார்.

ஆகவே, என் கருத்து இதுதான்: முதலாம் ஆண்டுப் பிள்ளைக்கு வீட்டில் இன்னோர் ஆசிரியர் தேவையில்லை. நாள்தோறும் பொறுமையாகக் கேட்கும் ஒருவர் தேவை. அதற்குப் பட்டம் வேண்டாம். பெரிய பண வசதியும் வேண்டாம். தமிழ் எழுத்து தெரிந்த ஒரு பாட்டி, ஒரு தாத்தா, ஓர் அண்ணன், ஓர் அக்காள் போதும்.

எங்கள் வீட்டில் பலன் தந்த சிலவற்றைச் சொல்கிறேன். நாளுக்கு 15 நிமிடம். அதற்கு மேல் வேண்டாம். படத்தை மறைத்து வாசிக்க விடுவது. அதே சொல்லை வேறொரு தாளில் எழுதிக் காட்டுவது. தடுமாறினால் உடனே சொல்லிக் கொடுக்காமல் மனத்துக்குள் ஐந்து எண்ணும் வரை காத்திருப்பது. விடை தவறினால், “எப்படிச் செய்தாய்?” என்று முதலில் கேட்பது. வீட்டுப்பாடத்தை நாம் செய்து கொடுக்காதிருப்பது. அப்படிச் செய்தால் பிள்ளைக்குத் தெரியாது என்ற செய்தியே ஆசிரியருக்குப் போய்ச் சேராது. பல வாரங்கள் முயன்றும் எழுத்துகள் பிடிபடவில்லையென்றால், கண்பார்வை, செவித்திறன் ஆகியவற்றைச் சோதிப்பதும், குறைநீக்கல் வகுப்பு பற்றி ஆசிரியரிடம் பேசுவதும் நலம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அந்தப் பாட்டியும் இல்லாத வீடுகள் உண்டு. வீட்டில் தமிழே பேசாத குடும்பங்களும் உண்டு என்று சிலர் கூறலாம். உண்மைதான். அங்கேதான் நமக்கு வேலை இருக்கிறது, தோழர்களே! நாம் உயர்கல்விக்கூட மாணவர்களாக இருந்துகொண்டு சமுதாயத்திற்குச் செய்யும் கல்வித் தொண்டு பெரும்பாலும் தேர்வை ஒட்டியே இருந்து வந்திருக்கிறது. எஸ்பிஎம் கருத்தரங்கு, முன்பு யூபிஎஸ்ஆர் வழிகாட்டிப் பட்டறை. யூபிஎஸ்ஆர் 2021இல் அகற்றப்பட்டதும், தமிழ்ப்பள்ளிக்கு இனி எதற்குச் செல்வது என்று சிலர் கேட்டதை நானே கேட்டிருக்கிறேன். அடித்தளத்தில் விரிசல் விழுந்த வீட்டிற்குக் கூரையில் வண்ணம் பூசுவதா நம் பணி? எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரியாமல் இரண்டாம் ஆண்டுக்குப் போகும் பிள்ளை, ஐந்தாம் படிவத்தில் நம் கருத்தரங்கிற்கு வந்து அமர்வானா?

எனவே, நம் மொழிக் கழகத்தின் முன் ஒரு வேண்டுகோளை வைக்கிறேன். அருகிலுள்ள ஒரு தமிழ்ப்பள்ளியோடு பேசி, விரும்பும் ஒவ்வோர் உறுப்பினரும் ஒரு முதலாம் ஆண்டுப் பிள்ளையை ஏற்போம். வாரத்தில் மூன்று மாலை, பத்து நிமிடம், பெற்றோரின் கைப்பேசி வழி அப்பிள்ளை வாசிப்பதைக் கேட்போம். மேடை வேண்டாம், பதாகை வேண்டாம். பட்டம் பெற்றுப் பணியில் இருக்கும் முன்னாள் மாணவர்களும் இதில் சேரலாம்; பத்து நிமிடம் அவர்களிடமும் இருக்கும்.

என் அக்காள் மகன் இன்னும் தடுமாறித்தான் வாசிக்கிறான். இரவு எட்டரை மணிக்கு விடுதி அறையில் என் கைப்பேசி ஒலிக்கிறது. “சித்தி, பாட்டி படத்தை மறைச்சுட்டாங்க” என்று முறையிட்டுவிட்டு ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டுகிறான். சென்ற வாரம் ஒரு பக்கத்தை முடிக்க அவனுக்கு ஏழு நிமிடம் ஆயிற்று. அன்று கடகடவென்று ஒப்பித்ததைவிட அது எனக்கு இனிமையாக இருந்தது. இப்போது அவன் கண்கள் எழுத்தின்மேல் இருக்கின்றன.