கடல் கடந்தோரும் குருதிச் சோதனைச் செலவும்

காயலும் கீழக்கரையும் நாகூரும் பரங்கிப்பேட்டையும் கடலை நம்பி வாழ்ந்த ஊர்கள். கொழும்பும் பினாங்கும் சிங்கையும் இரங்கூனும் இவ்வூர்க் குடும்பங்களுக்கு அடுத்த தெருவைப் போல அணுக்கமாயிருந்தன. 1973ஆம் ஆண்டு எண்ணெய் விலையேற்றத்திற்குப் பிறகு இப்பயணம் வளைகுடா நோக்கித் திரும்பியது. பயணம் போனவரைச் ‘சபுராளி’ என்றழைப்பது நம் பக்கத்து வழக்கு. சபுராளி அனுப்பிய பணத்தால் எழுந்த வீடுகளைப் பற்றியும் நடந்த திருமணங்களைப் பற்றியும் பேசாத மேடை நம்மிடையே இல்லை. அவருடைய உடல்நலம் குறித்துப் பேசிய மேடையோ மிக அரிது. அவ்வுடல்நலத்துள்ளும் ஒரு சிறு கூறாகிய இரத்தப் பரிசோதனையையும், அதற்கு அவர் கொடுக்கும் விலையையும் பற்றியே இக்கட்டுரை பேச விழைகிறது. இம்மலரைப் படிக்கும் மாணவர் பலரின் தந்தையரும் தமையன்மாரும் அயல்நாட்டில் இருப்பவர்கள் ஆதலின், இது பிறர் கதையன்று.

வெளிநாடு செல்வோரின் இரத்தம் சோதிக்கப்படாமல் இல்லை. வளைகுடா நாட்டு வேலைக்குப் புறப்படும் ஒவ்வொருவரும் அந்நாடுகள் ஏற்பளித்த மருத்துவ மையத்திற்குச் சென்று சோதனை செய்துகொள்ள வேண்டும். முன்பு இதனைக் ‘காம்கா மெடிக்கல்’ என்றனர். இப்போது ‘வாஃபித்’ என்ற பெயரில் இணையவழிப் பதிவாக நடக்கிறது. எய்ட்சு, மஞ்சட்காமாலையின் பி, சி வகைகள் முதலான தொற்றுகளை அங்கே ஆய்கின்றனர். அவற்றோடு, கட்டுக்கடங்காத நீரிழிவும் இரத்த அழுத்தமும் சிறுநீரகச் செயலிழப்பும் ‘தகுதியற்றவர்’ என்று ஒதுக்கப் போதிய காரணங்களாகக் கொள்ளப்படுகின்றன. அந்நாட்டிற் சென்று இறங்கியதும் குடியிருப்பு உரிமத்திற்காக மீண்டும் ஓர் ஊசி. இச்சோதனைகள் எவையும் அவருக்காகச் செய்யப்படுபவை அல்ல. வேலை தருவோருக்காகவும் நாட்டின் காவலுக்காகவும் செய்யப்படுபவை. ஆயினும் புறப்படுமுன் செய்யும் சோதனைக்குரிய பணம் பெரும்பாலும் அவர் பையிலிருந்தே போகிறது. ஆளெடுப்பின்போது நேரும் மருத்துவச் சோதனைச் செலவைத் தொழிலாளி மீது சுமத்தலாகாது என்பதைப் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு தன் வரையறையில் தெளிவாகச் சேர்த்து 2019இல் ஏற்பளித்தது. நம்மூர் முகவர்களுள் அதனைப் படித்தவர் எத்தனை பேரோ!

பணத்தினும் பெரிய கேடு ஒன்று இதிலுண்டு. முதல் ஊசியிலேயே தொழிலாளி ஒரு பாடம் கற்றுக்கொள்கிறார்: இரத்தத்தைக் கொடுத்தால் வேலை போகக்கூடும் என்பதே அப்பாடம். நோயை அறிவதற்கான கருவி அவருக்கு நோயைக் காட்டிக் கொடுக்கும் ஒற்றனாகத் தோன்றுகிறது. பின்னாளில் கால் மரத்தாலும் கண் மங்கினாலும் ஆய்வகத்தின் வாயிலை மிதிக்க அவர் தயங்குவதற்கு விலை மட்டும் காரணமன்று.

எத்தகைய சோதனைகள் அவருக்கு வேண்டியவை? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையுடன் சென்னை அறிஞர்கள் நடத்தி 2023இல் வெளியிட்ட பேராய்வு, இந்நாட்டில் நீரிழிவாளர் தொகையை 10.1 கோடி என மதிப்பிட்டது. நம் அண்டைப் பகுதியாகிய புதுச்சேரியில் நூற்றுக்கு இருபத்தாறு பேருக்கு மேல் நீரிழிவு காணப்பட்டது. இம்மக்களுள் ஒருவராகவே சபுராளியும் விமானம் ஏறுகிறார். நீரிழிவாளருக்கு இன்றியமையாதது ‘மூன்று மாதச் சர்க்கரை’ என மக்கள் வழங்கும் எச்பிஏ1சி சோதனை. சர்க்கரை மிக்க குருதியில் சிவப்பணுவின் நிறமியோடு சர்க்கரை ஒட்டிக்கொள்ளும். சிவப்பணு ஏறத்தாழ 120 நாள் வாழும். ஆதலின் அவ்வளவு நாளின் கணக்கையும் அது சுமந்து நிற்கும். சோதனைக்கு முந்திய இரவு பட்டினி கிடந்து யாரும் இதனை ஏமாற்ற இயலாது. நீரிழிவாளர் குருதியில் இவ்வேறுபாடு மிகுதல் 1968இல் தெஹ்ரானில் சாமுவேல் ரஹ்பர் என்ற அறிஞரின் கண்ணிற் பட்டது. நோய் கட்டுக்குள் இருப்பின் ஆண்டுக்கு இருமுறையும், இல்லையேல் மூன்று மாதத்திற்கொரு முறையும் இதனைச் செய்தல் வேண்டும் என்பர் மருத்துவர். அடுத்தது சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின். இதனை அளக்கும் நிறமாற்ற முறையை மாக்ஸ் யாஃபே 1886இலேயே கண்டறிந்துவிட்டார். நூற்றாண்டு கடந்த அம்முறை இன்றும் மலிவாக உலகெங்கும் வழக்கில் உள்ளது. கொளுத்தும் வெயிலில் நீரருந்தாது உழைப்பவரின் சிறுநீரகம் எளிதிற் கெடும். வளைகுடாவிலிருந்து நேபாளம் திரும்பிய இளைஞர் பலர் சிறுநீரகம் பழுதுற்று வந்தது உலகறிந்த செய்தி.

இவ்வளவு பழமையும் எளிமையும் வாய்ந்த சோதனைகளின் விலை நாட்டுக்கு நாடு ஏன் இவ்வளவு மாறுகிறது? கருவி இங்கும் அங்கும் ஒன்றே. அதிலிடும் வேதிப்பொருளும் பெரும்பாலும் அதே நிறுவனங்களின் சரக்கே. வேறுபாடு எண்ணிக்கையில் இருக்கிறது. சென்னையின் பெரிய ஆய்வகமொன்று மாவட்டங்களிலிருந்து வந்து குவியும் குருதிக் குப்பிகளை ஒரே இரவில் ஆயிரக்கணக்கிற் சோதித்து முடிக்கும். ஒவ்வொரு நாளும் கருவியைச் சரிபார்க்க ஆகும் செலவு அத்தனை பேர் மீதும் பரந்து கரைந்துவிடும். நாளொன்றுக்கு இருபது பேர் வரும் சிறு மருத்துவமனையில் அதே செலவு இருபது பேர் தலையில் விழும். அதன்மேல் அந்நாட்டு வாடகையும் சம்பளமும் உரிமக் கட்டணமும் ஏறும். இவற்றுக்கெல்லாம் மேலாக ஒரு வாயிற்காவல் உண்டு. நம்மூரில் தெருமுனை லேபில் நுழைந்து கையை நீட்டினால் போதும். அங்கேயோ காப்பீட்டின் வழிச் செல்பவர் முதலில் மருத்துவரைக் கண்டு சீட்டு வாங்க வேண்டும். சோதனை முடிந்ததும் முடிவைக் காட்ட மீண்டும் அவரையே காண வேண்டும். தொழிலாளர் முகாமோ நகரின் வெளியே கிடக்கும். வாடகை வண்டிக்கும் இழந்த மிகைநேரக் கூலிக்கும் யாரும் பற்றுச்சீட்டு தருவதில்லை. ஆகவே சோதனையின் விலை எவ்வளவு என வினவுவோர் ஆய்வகத்தின் பலகையை மட்டும் பார்த்தல் போதாது. எல்லாவற்றையும் கூட்டி நூறு திர்ஹம் என்றே குறைவாக வைத்துக்கொண்டாலும் அது இரண்டாயிரம் ரூபாயைக் கடக்கும். ஆயிரம் திர்ஹம் ஊதியத்தில் எண்ணூறை ஊருக்கு அனுப்பும் ஒருவருக்கு அத்தொகை அரைமாதச் சாப்பாடு.

காப்பீடு இல்லையா என்று கேட்கலாம். உண்டு, முன்னினும் நன்றாகவே உண்டு. சவூதி அரேபியா தனியார் துறையில் உழைக்கும் அயலவருக்கு வேலை தருபவரே காப்பீடு எடுக்க வேண்டுமென 1999இல் சட்டம் செய்தது. அபுதாபி 2005லும் துபாய் 2013லும் அவ்வாறே சட்டம் இயற்றின. சார்ஜா, அஜ்மான் முதலான வட அமீரகங்களில் 2025 சனவரி முதல் நாள் தொட்டு அது கட்டாயமாயிற்று. ஆண்டுக்கு 320 திர்ஹம் என வகுக்கப்பட்ட அவ்வடிப்படைத் திட்டத்தில் புறநோயாளி ஒவ்வொரு முறையும் நூற்றுக்கு இருபத்தைந்து பங்கு தாமே செலுத்த வேண்டும். அப்பங்கு 100 திர்ஹத்தை மிஞ்சாது. அதே நோய்க்காக ஏழு நாளுக்குள் மீண்டும் சென்றால் அப்பங்கும் இல்லை. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அட்டையைக் கையிற் பெற்றவருக்கு இவ்விதி எம்மொழியிற் சொல்லப்பட்டது? அரபியிலும் ஆங்கிலத்திலும் அச்சிட்ட தாளைப் படிக்கவியலாத கட்டடத் தொழிலாளி, அட்டை விபத்துக்கு மட்டுமே என்றெண்ணிப் பெட்டியில் வைத்துப் பூட்டுகிறார். குவைத்திலோ காற்று எதிர்த்திசையில் வீசிற்று. அரசு மருத்துவமனையில் அயலவர் சிறப்பு மருத்துவரைக் காணும் கட்டணம் 2017 அக்டோபரில் 2 தினாரிலிருந்து 10 தினாராக உயர்ந்தது. 2022 டிசம்பரில் மருந்துக்கெனத் தனிக் கட்டணமும் சேர்ந்தது. ஒரு தினார் 250 ரூபாய்க்கும் மிகுதி என்பதை நினைவிற் கொள்க.

இவ்வகையில் எனக்குப் பிடித்த ஏற்பாடு சிங்கப்பூருடையது. தொழிலாளர் விடுதிகளில் தங்குவோருக்கும் கட்டடம், கப்பல் கட்டுதல் முதலிய துறையினருக்கும் 2022 ஏப்ரலில் முதனிலை மருத்துவத் திட்டம் ஒன்றை அந்நாடு கட்டாயமாக்கியது. அதற்குரிய பணத்தை முதலாளி கட்டுகிறார். தொழிலாளி மருத்துவமையத்திற்குச் செல்லும்போது ஐந்து வெள்ளி தருகிறார். ஆண்டுக்கொரு முறை அடிப்படை உடற்சோதனையும் அதனுள் அடங்கும். பெருந்தொற்றுக் காலத்தில் விடுதிகளில் நோய் பரவிய பின்னரே இவ்வறிவு பிறந்தது என்பது வேறு செய்தி. கேளாமலே கிடைக்கும் சோதனைக்கு அச்சம் குறைவு. எல்லாரும் வரிசையில் நிற்கும்போது நோயாளி தனித்துத் தெரிவதில்லையல்லவா?

மலிவான சோதனை வேண்டுமென்ற ஏக்கம் செல்வ நாடுகளிலும் உண்டு. அவ்வேக்கத்தையே முதலாக்கி, விரல்நுனிச் சொட்டு இரத்தத்தில் எண்ணற்ற சோதனைகள் செய்து காட்டுவதாகக் கூறி அமெரிக்காவில் தெரானோஸ் என்ற நிறுவனம் கோடிகளைத் திரட்டியது. கருவி பொய்யென்று தெரிந்தது. நிறுவனத் தலைவி எலிசபெத் ஹோம்ஸ் 2022இல் பதினோராண்டுக்கு மேல் சிறைத்தண்டனை பெற்றார். குறைந்த விலை வேண்டும். நம்பத்தகாத முடிவு இலவசமாயினும் வேண்டா.

நம்மவர் கண்டுபிடித்த வழி வேறு. ஊரிலிருந்து விடுமுறை முடிந்து திரும்புவோர் கையில் மாத்திரைப் பொட்டலம் கொடுத்தனுப்புவது அது. தந்தைக்கு, அண்ணனுக்கு, மச்சானுக்கு என ஆறு மாதத்திற்கான மெட்ஃபார்மின் ஒரு பையிற் போய்ச் சேர்ந்துவிடும். இதனைப் பழிக்க எனக்கு மனமில்லை. ஏழைமையும் பாசமும் சேர்ந்து செய்யும் வேலை இது. ஆயினும் மாத்திரையைப் பையில் கட்டி அனுப்பலாம். அது போதுமா என்று சொல்லும் சோதனையை அவ்வாறு அனுப்பவியலாது. ஈராண்டுக்கொரு முறை விடுப்பில் வந்து செய்யும் சோதனையைக் கொண்டு எழுதப்பட்ட மருந்தளவு அடுத்த ஈராண்டும் மாறாமல் ஓடுகிறது. நானறிந்த ஒருவர், துணிக்கடையில் பணி செய்பவர், இவ்வாறு ஐந்தாண்டு ஒரே அளவில் மாத்திரை உண்டார். மகள் திருமணத்திற்கு ஊர் வந்தபோது மேடையில் இருந்த மகளின் முகம் புகைபோலத் தெரிந்ததாம். விழித்திரை கெட்டிருந்தது. சோதனைக்கென அவர் செலவிடாது மிச்சம் பிடித்த பணம் முழுவதும் ஒரு கண்ணுக்கு இலேசர் மருத்துவம் செய்யவும் போதவில்லை. அவர் திரும்பிச் செல்லவில்லை. அவருடைய மகன் படிப்பை இடைநிறுத்திக்கொண்டு தந்தையின் இடத்திற்குச் சென்றான். இக்கல்லூரியைப் போன்றதொரு கல்லூரியிலிருந்து நின்றுபோன மாணவன் அவன் என்பதை ஆசிரியப் பெருமக்கள் எண்ணிப் பார்த்தல் நன்று.

தாய்நாடு என்ன செய்திருக்கிறது? குடியேற்ற அனுமதி தேவைப்படும் கடவுச்சீட்டாளருக்கு நடுவணரசின் ‘பிரவாசி பாரதீய பீமா யோஜனா’ கட்டாயம். ஈராண்டுக்கு 275 ரூபாய் கட்டினால், விபத்தில் உயிர் துறந்தாலோ நிலையாக ஊனமுற்றாலோ 10 இலட்சம் ரூபாய் கிடைக்கும். செத்தார்க்குப் பத்து இலட்சம் உண்டு. சாகாமலிருக்கச் செய்யும் சோதனைக்கு ஒன்றுமில்லை. தூதரகங்களில் 2009 முதல் உள்ள இந்தியச் சமுதாய நலநிதியும் ஆபத்தில் சிக்கியவருக்கே உரியது. தமிழக அரசோ உள்ளூரில் இருப்பவர்க்கு ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என 2021 ஆகஸ்டு 5ஆம் நாள் தொடங்கி, சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்திற்கும் மருந்தை வீட்டு வாயிலுக்கே கொண்டுவருகிறது. 2024இல் ஐக்கிய நாடுகள் அவையின் விருதும் அதற்குக் கிட்டியது. வீட்டிலுள்ள மனைவிக்கும் தாய்க்கும் வாயிற்படியில் கிடைக்கும் சோதனை, அவ்வீட்டைத் தாங்குபவருக்குக் கடலுக்கப்பால் கிடைப்பதில்லை. அயலகத் தமிழர் நலனுக்கெனத் தனித்துறையும் வாரியமும் கண்ட அரசு, ஆண்டுக்கு இருமுறை எச்பிஏ1சியும் ஒருமுறை கிரியாட்டினினும் செய்துகொள்ள, அங்குள்ள நம்பத்தக்க ஆய்வகங்களோடு மொத்த விலை பேசித் தருவது செய்யக்கூடாத காரியமன்று. எண்ணிக்கை கூடினால் விலை இறங்கும் என்பதே மேலே கண்ட கணக்கு. ஆயிரம் பேரை ஒன்றுசேர்த்துப் பேச அங்குள்ள தமிழ்ச் சங்கங்களாலும் ஊர் ஜமாஅத் கிளைகளாலும் முடியும். இஃப்தார் விருந்தில் ஐந்நூறு பேரைக் கூட்டத் தெரிந்தவர்களுக்கு, அதற்கிரு திங்கள் முன்னர் அவர்களையே ஒரு சோதனைக்குக் கூட்டுவது அரிதா? நீரிழிவாளர் நோன்பு நோற்கலாமா, மருந்தின் நேரத்தை எங்ஙனம் மாற்றுவது என்பதை ரமலானுக்கு ஆறு முதல் எட்டு வாரம் முன்னரே மருத்துவரிடம் கேட்டறிதல் வேண்டும் எனப் பன்னாட்டு நீரிழிவுக் கூட்டமைப்பின் வழிகாட்டுதலும் கூறுகிறது.

மாணவர்கள் செய்யத்தக்கதும் ஒன்றுண்டு. சிங்கப்பூர் ஆய்வகம் சர்க்கரையை மில்லிமோல் கணக்கிற் குறிக்கும்; நம்மூர் மருத்துவரோ மில்லிகிராம் கணக்கிற் படிப்பவர். அங்கே 9 என்றெழுதிய தாளைக் கண்டு, ஒற்றை இலக்கம்தானே என்று மகிழ்ந்த வீடுகள் உண்டு. அதனைப் பதினெட்டாற் பெருக்கினால் 162. கிரியாட்டினின் அங்கே 150 என்றிருந்தால் அதை 88.4ஆல் வகுக்க வேண்டும், 1.7 வரும்; அது சிறுநீரக மருத்துவரை உடனே காணவேண்டிய அளவு. தந்தையார் செல்பேசியில் அனுப்பும் ஆய்வகத் தாளை இவ்வாறு மாற்றி ஒரு குறிப்பேட்டில் தேதியிட்டு எழுதி வைக்கப் பட்ட வகுப்புப் படிப்பு போதும். அவரது காப்பீட்டு அட்டையின் பின்புறத்தையும் படமெடுத்து அனுப்பச் சொல்லி, எச்சோதனை எப்பங்கில் அடங்கும் என்பதைத் தமிழில் எழுதித் திருப்பி அனுப்புக. இவ்வாண்டு விடுப்பில் எவரேனும் ஊர் வந்திருப்பின், அவர் திரும்பும் நாளுக்கு ஒரு வாரம் முன்னரே அவரை ஆய்வகத்திற்கு அழைத்துச் செல்க. கடைசி நாளில் செய்த சோதனையின் முடிவு, அவர் விமானம் ஏறிய பின்னரே வீடு வந்து சேர்கிறது.