இடத்தோளுக்கு இடமில்லையா?

நம் கடற்படையின் மார்க்கோஸ் கமாண்டோ வீரர்களுக்காக இஸ்ரேலிலிருந்து தருவித்த டாவோர் துப்பாக்கிகள் 500-க்கும் மேற்பட்டவை 2010 டிசம்பருக்குள் வந்து சேர்ந்த விஷயத்தையும், அதற்கு 15 கோடி ரூபாய்க்குமேல் செலவான கணக்கையும், அந்தக் குட்டை ஆயுதத்துக்கு நடந்த ஸ்தோத்திரங்களையும் வாசகர்கள் நன்கு அறிவார்களாகையால், அவற்றை இங்கே மறுபடியும் விஸ்தரிக்கப் போவதில்லை. துப்பாக்கியின்மீது நமக்குப் பகை ஏதுமில்லை. அதைத் தேர்ந்தெடுத்த விதத்தின்மீதுதான் நமக்கு ஆட்சேபம். அந்த ஆட்சேபமும் நாளடைவில் தணிவதற்குப் பதிலாக, மரக்காணத்து உப்புக்காற்று பட்ட இரும்பில் துரு ஏறுவதுபோல ஏறிக்கொண்டே போகிறது.

நியாயமாகச் சொல்லவேண்டியதை முதலில் சொல்லிவிடுவோம். சாதாரணத் துப்பாக்கியில் விசைக்கு முன்னால் இருக்கும் தோட்டாக்கூட்டையும் இயந்திரப் பகுதியையும் விசைக்குப் பின்னால் தள்ளி, தோளில் பதியும் கட்டைக்குள்ளேயே அடக்கிவிடுவதுதான், மேனாட்டார் ‘புல்பப்’ என்று பெயரிட்டு வழங்கும் இவ்வமைப்பின் சூட்சுமம். குழலைக் குறுக்காமலே ஆயுதத்தைக் குறுக்க இது வழி செய்கிறது. நம் ராணுவத்தின் இன்சாஸ் துப்பாக்கி 96 சென்டிமீட்டர் நீளம்; டாவோர் 72; இரண்டிலும் குழலின் நீளம் ஏறக்குறைய 46 சென்டிமீட்டர்தான். ஆக ஒரு சாண் மிச்சம். ரப்பர் படகின் வயிற்றிலும், கப்பலின் ஏணிப்படியிலும், ஹெலிகாப்டரின் வாயிலிலும் ஒரு சாண் என்பது அற்பமான விஷயமன்று. யோசனையும் புதிதன்று. பிரிட்டன் 1951-இலேயே இ.எம்.2 என்ற பெயரில் இப்படியொன்றை ஏற்றுக்கொண்டு, சர்ச்சில் சர்க்கார் வந்தவுடன் கைவிட்டது. ஆஸ்திரியா, பிரான்ஸ், பிறகு மறுபடியும் பிரிட்டன், சீனா என்று பல தேசங்கள் பின்னர் இவ்வழிக்கு வந்தன. சிங்கப்பூரில் தேசிய சேவைக்குப் போகும் தமிழ்ப் பிள்ளைகள் தோளில் சுமப்பதும் அவ்வூரிலேயே செய்த இத்தகைய துப்பாக்கியைத்தான்.

ஆனால், சுட்டவுடன் வெற்றுத் தோட்டாவை வெளியே எறிந்தாக வேண்டும் என்ற ஒரு சங்கடம் எல்லாத் தானியங்கித் துப்பாக்கிக்கும் உண்டு. நெருப்பில் வெந்த பித்தளை அது. அதை எறியும் வாயில் பெரும்பாலும் வலப்பக்கத்தில் இருக்கும். பழைய அமைப்பில் அவ்வாயில் சுடுகிறவனின் முகத்துக்கு முன்னால் தள்ளி இருப்பதால், அவன் கட்டையை வலத்தோளில் வைத்தாலும் இடத்தோளில் வைத்தாலும் பித்தளை தன் பாட்டுக்கு வெளியே போய் விழுந்துவிடும். புல்பப்பிலோ, இயந்திரம் பின்னுக்கு வந்ததோடு கூடவே அவ்வாயிலும் பின்னுக்கு வந்து, கன்னத்துக்கு நேராக நின்றுகொள்கிறது. வலத்தோளில் வைத்துச் சுடுகிறவனுக்கு அதனால் ஒரு குறையும் இல்லை. இடத்தோளில் வைத்தவனுக்குக் கொதிக்கும் பித்தளையும் வெடிமருந்துப் புகையும் சொந்த முகத்திலேயே வந்து அறையும்.

மனிதரில் பத்துப் பேருக்கு ஒருவர் இடதுகைப் பழக்கமுள்ளவர் என்பது உலகறிந்த கணக்கு. அந்தக் கணக்குப்படி பார்த்தால், வந்திறங்கிய 500 துப்பாக்கிகளில் 50 துப்பாக்கிகள், தம்மை ஏந்தப்போகிறவனின் கன்னத்தைக் குறிவைத்துக்கொண்டே பெட்டியிலிருந்து வெளிவந்திருக்கின்றன. வலங்கை, இடங்கை என்று சாதிகள் இரண்டாகப் பிரிந்து ஜார்ஜ் கோட்டையின் தெருக்களில் மண்டையை உடைத்துக்கொண்ட காலம் போய் வெகுநாளாகிறது; சோற்றாங்கை, பீச்சாங்கை என்று குழந்தையின் புறங்கையில் அடித்துத் திருத்தும் வழக்கமும் நம் வீடுகளில் மெல்ல மெல்ல மறைந்து வருகிறது; அப்படியிருக்க, பாரத சர்க்காரின் ஆயுதக் கொட்டடியில் மட்டும் அந்தப் பழைய சாஸ்திரம் ஜம்மென்று சிம்மாசனம் ஏறியிருப்பானேன்?

நாம் இதை எழுதும் பொம்மையார்பாளையம் என்ற கடற்கரைக் கிராமத்தில் கட்டுமரத்தின் துடுப்பை எந்தப் பக்கமும் போடலாம். வடக்கே மரக்காணத்து அளங்களில் உப்பு வாரும் பலகைக்கு வலது இடது என்ற பேதம் கிடையாது. நீண்ட கம்பின் முனையில் குறுக்கே ஒரு பலகை, அவ்வளவே. படிப்பறியாத தச்சன் செய்த இக்கருவிகள், பிடிக்கிற கை எதுவாயினும் அதற்கு வளைந்து கொடுக்கின்றன. ராணுவத்தில் இருபது வருஷம் சிப்பாயாக இருந்து ஓய்வுபெற்ற இவ்வூர்க்காரர் ஒருவர், டீக்கடை பெஞ்சில் இந்தச் செய்தியைப் படிக்கக் கேட்டுவிட்டு, “எஸ்.எல்.ஆர். துப்பாக்கி காலம் வரைக்கும் பீச்சாங்கையிலதாங்க சுட்டேன், ஒருத்தரும் ஒண்ணும் சொன்னதில்ல. இதை எங்கிட்டக் குடுத்தா குறி பாக்குறதா, கன்னத்தைப் பொத்திக்கிறதா?” என்று கேட்டார். கொள்முதல் கமிட்டியில் இந்தக் கேள்வியைக் கேட்க ஒருவரும் இல்லாமற்போனதுதான் நம் வயிற்றெரிச்சல்.

இதற்குச் சமாதானம் ஒன்று தயாராக இருக்கிறது; அதையும் நாம் அறிவோம். டாவோரின் இரு பக்கத்திலும் வாயில் உண்டாம். ஒன்றை மூடி மற்றதைத் திறந்து, உள்ளே தோட்டாவைப் பூட்டும் போல்ட்டைக் கழற்றி இடதுகைக்காரருக்கென்று செய்த வேறு போல்ட்டைப் பொருத்திவிட்டால், பித்தளை இடப்பக்கமாகப் போய்விடுமாம். வாஸ்தவம். ஆனால் அப்படி மாற்றிய துப்பாக்கி அந்த ஒருவனுக்கே உரியதாகிவிடுகிறது. அவன் காயப்பட்டு விழுந்தால், பக்கத்திலிருக்கும் வலதுகைக்காரன் அதைப் பாய்ந்தெடுத்துச் சுட முடியாது. சுட்டால் கன்னம் வெந்துபோவது இப்போது இவன் முறை. யுத்தகளத்தில் ஆயுதம் கைமாறும் என்ற சாதாரண விவகாரத்தைக்கூட யோசியாத சமாதானம் இது.

இடதுகைக்காரரின் குறை என்று இதை ஒதுக்கிவிட நினைப்போருக்கும் ஒரு வார்த்தை. இந்தக் குட்டைத் துப்பாக்கியை எதற்காக வாங்கினார்கள்? நெருக்கமான இடங்களில் சண்டையிடுவதற்காக. 2008 நவம்பர் 26-ஆம் தேதி இரவு தொடங்கிய பம்பாய்ப் பயங்கரத்தில், தாஜ் ஓட்டலுக்குள்ளும் ஓபராய்க்குள்ளும் முதலில் நுழைந்த படைகளுள் மார்க்கோஸும் ஒன்று என்பதை நாடு மறந்திராது. இருண்ட தாழ்வாரத்தில், சுவரின் இட ஓரமாக எட்டிப் பார்த்துச் சுடவேண்டிய ஒரு திருப்பம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். துப்பாக்கி இடத்தோளுக்கு மாறினால் சுவர் அவனுக்குக் கேடயமாகும். மாறாவிட்டால் அவன் தன் உடம்பில் பாதியைச் சுவருக்கு வெளியே நீட்டிக்கொண்டுதான் சுடவேண்டும். ஆக, எந்த இடத்துக்கென்று இதை வாங்கினார்களோ அந்த இடமே இரண்டு தோள்களையும் கேட்கிறது. வாங்கிவந்த ஆயுதமோ ஒரு தோளைத்தான் அங்கீகரிக்கிறது. வலதுகைக்காரனும் அந்த ஒரு கணத்தில் இடதுகைக்காரனே. மிச்சம் பிடித்த ஒரு சாண் நீளத்தைச் சுவருக்கு வெளியே நீட்டிய உடம்பால் திருப்பிக் கொடுப்பது என்ன லாபக்கணக்கு என்று நமக்கு விளங்கவில்லை.

பிரிட்டிஷார் தங்கள் எஸ்.ஏ.80 புல்பப்பை இடத்தோளிலிருந்து சுடவே முடியாதபடி செய்துவிட்டு, இடதுகைச் சோல்ஜர்களையெல்லாம் வலத்தோளில் சுடும்படி பழக்கினார்கள். அவர்களுடைய அனுபவம் கால்நூற்றாண்டுக்கும் மேலாக உலகத்தின் கண்முன் கிடக்கிறது. போகட்டும், இந்தக் குறைக்குப் பரிகாரமே இல்லையென்றால் சும்மா இருந்துவிடலாம். பெல்ஜியத்தார் செய்த எஃப்.2000 என்ற துப்பாக்கியும் இதே புல்பப் சாதியைச் சேர்ந்ததுதான். ஆனால் அதில் வெற்றுத் தோட்டா ஒரு குழாய் வழியாக முன்பக்கம் போய் உதிர்கிறது. எந்தத் தோளில் வைத்தாலும் முகத்துக்கு அபாயமில்லை. இதை நம்மவர்கள் அறியாமலிருந்தார்களா? பிரதம மந்திரியைக் காக்கும் விசேஷப் படையின் கையில் இருப்பதே அந்த எஃப்.2000-தானே! பெரியவர்களைச் சூழ்ந்து நிற்பவர்களுக்கு இரண்டு தோள். நடுக்கடலில் குதிப்பவர்களுக்கு ஒரு தோள். விலை வித்தியாசம், அளவு வித்தியாசம், தேவை வித்தியாசம் என்று நூறு காரணம் சொல்லலாம். சொல்லட்டும். தெரியாமல் நடந்துவிட்டது என்ற ஒரு காரணத்தை மட்டும் இனி யாரும் சொல்ல முடியாது.

இவ்வளவுக்கும் டாவோர் நமக்குப் புது விருந்தாளியுமன்று. 2002-ஆம் வருஷக் கடைசியிலேயே 3,070 துப்பாக்கிகளுக்கு, சுமார் 88 கோடி ரூபாய்க்கு ஒப்பந்தம் போட்டாகிவிட்டது. முதலில் வந்த சில நூறு, விசேஷ எல்லைப் படையின் கைக்குப் போய், காரியத்துக்குத் திருப்தியில்லை என்ற அபிப்பிராயத்தைப் பெற்றுக்கொண்டன. பிறகு திருத்தினார்கள், 2006-இல் இஸ்ரேலிலேயே சோதித்தார்கள், சரி என்றார்கள். சோதனைக்கு முன் கிரயம், கிரயத்துக்குப் பின் சோதனை என்ற இந்தத் தலைகீழ் முறைக்கு எந்த அர்த்தசாஸ்திரத்தில் ஆதாரம் இருக்கிறதோ அறியோம். மாடு வாங்கப் போகும் குடியானவன்கூடப் பல்லைப் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் துண்டுக்குள் விரலைக் கொடுப்பான். இதற்குள் விற்ற தேசமோ, இந்த டாவோரைவிடவும் குட்டையான எக்ஸ்-95-ஐத் தன் காலாட்படையின் வருங்காலத் துப்பாக்கியென்று 2009-இலேயே தீர்மானித்து, அடுத்த படிக்குப் போய்விட்டது.

ஆயுதக் கொள்முதலைத் தீர்மானிக்கும் இந்த மேசையிலிருந்து பிறந்த தீர்மானங்களின் வம்சாவளியைப் புரட்டினால் கோபம் ஆச்சரியமாகவும், ஆச்சரியம் மறுபடியும் கோபமாகவும் மாறும். 1962-இல் சீனரின் தானியங்கித் துப்பாக்கிகளுக்கு எதிரே நம் ஜவான்களைப் பனிமலையில் நிறுத்தியபோது அவர்கள் கையிலிருந்தது, ஒவ்வொரு குண்டுக்கும் கையால் இழுத்துப் பூட்டவேண்டிய பழைய 303. அதன்பிறகுதான் எஸ்.எல்.ஆர். என்ற விழிப்பு வந்தது. அந்த 303-க்கு அத்தோடு ஓய்வு கிடைத்ததா? நாற்பத்தாறு வருஷம் கழித்து, பம்பாய் சத்ரபதி சிவாஜி ரயில் நிலையத்தில் ஏ.கே.47-உடன் நுழைந்த கொலைகாரர்களை எதிர்த்துப் போலீசார் தூக்கியதும் அதே 303-தான்.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஆரம்பித்த இன்சாஸ் படைகளின் கைக்குப் பெருவாரியாகப் போய்ச்சேரத் தொண்ணூறுகளின் கடைசி ஆயிற்று. துப்பாக்கி தயாரானபோது அதற்குரிய 5.56 மில்லிமீட்டர் தோட்டா நம்மிடம் போதுமானபடி தயாராகவில்லை. அதை வெளிநாட்டில் தேடி வாங்கினார்கள். கலப்பையைச் செய்துவிட்டுக் கொழுவுக்கு அடுத்த ஊருக்கு ஓடிய கதை. 1999-இல் கார்கில் சிகரங்களின் குளிரில் அதன் பிளாஸ்டிக் தோட்டாக்கூடுகள் விரிசல் கண்டன. மூன்று மூன்றாகச் சுடவேண்டியது நிற்காமல் சுட்டது. 2005-இல் மாவோயிஸ்டுகளிடம் 43 பேரைப் பறிகொடுத்த நேபாள ராணுவம், சண்டையின் நடுவே இத்துப்பாக்கி காலை வாரிவிட்டது என்று பகிரங்கமாகக் குறைப்பட்டபோது, பிரயோகித்த முறை சரியில்லை என்பது நம் தரப்பின் பதிலாயிற்று. ஏந்துகிறவன்தான் குற்றவாளி, தீர்மானித்தவர் என்றும் நிரபராதி.

ஆவடியின் அர்ஜுன் டாங்கியை எடுத்துக்கொள்ளுங்கள். 1974-இல் அனுமதி பெற்ற அந்தத் திட்டத்துக்கு முதல் ஆர்டர் 2000-இல்தான் வந்தது, அதுவும் 124-க்கு. ஒரு தலைமுறை பிறந்து, படித்து, உத்தியோகத்துக்கும் போய்விடக்கூடிய காலம்! 1986-இல் போபர்ஸ் பீரங்கிக்கு ஒப்பந்தம் போட்டதற்குப் பிறகு கால்நூற்றாண்டுக்கும் மேலாகப் புதிதாக ஒரு பெரிய பீரங்கியும் நம் படைக்கு வரவில்லை. வாங்கினால் பழி வரும் என்று வாங்காமலிருப்பது, வாங்காததற்குப் பழி வந்ததும் அவசரத்தில் எதையேனும் வாங்குவது என்ற இரண்டு நிலைகளுக்கிடையே ஊசலாடுவதையே ராஜதந்திரமென்று இவர்கள் எண்ணியிருக்கிறார்கள்போலும். (புதுச்சேரித் துறைமுகத்துக்குக் கடலுக்குள் கல்லைக் கொட்டியதால் வடக்கே எங்கள் கடற்கரை வருஷந்தோறும் கரைந்துகொண்டிருக்கிறதே, அந்தத் தீர்மானம் பிறந்த மேசை வேறு, மனோபாவம் இதுவே. மணல் எந்தத் திசையில் நகர்கிறது என்று ஒரு செம்படவரைக் கேட்டிருந்தால் போதும்.)

இத்தனைக்கும் திருச்சியில் 1966 முதல் ஒரு துப்பாக்கித் தொழிற்சாலை இருக்கிறது. இன்சாஸ் அங்கே உருவாயிற்று. டாவோரின் தம்பியான அந்த எக்ஸ்-95-ஐ இஸ்ரேலின் உரிமம் பெற்று அங்கேயே செய்யப்போவதாகப் பேச்சும் அப்போது அடிபட்டது. செய்யட்டும், சந்தோஷம். ஆனால் காவிரிக்கரைத் தொழிலாளியின் கைத்திறனைக் கொண்டு அதே ஒருதோள் துப்பாக்கியைத்தான் ஆயிரக்கணக்கில் வார்க்கப்போகிறோமென்றால், இறக்குமதியாகிற பிழையைச் சுதேசிப் பிழையாக்குவது தவிர அதில் வேறென்ன விசேஷம்?

ஆயுதத்தை ஏந்துகிறவனுக்கு, அதைத் தேர்ந்தெடுக்கும் சபையில் ஏதாவதொரு வகையில் குரல் வேண்டும். சோதனை முதலில், பணம் பிறகு என்ற ஒழுங்கு ஏதாவதொரு விதத்தில் நிலைபெற வேண்டும். எந்த வகையில், எந்த விதத்தில் என்பதை வகுப்பதற்குத்தான் இத்தனை காரியதரிசிகளும் இத்தனை கமிட்டிகளும் இருக்கிறார்கள். அதற்கு அவர்கள் எடுத்துக்கொள்ளும் காலத்தை முன் அனுபவத்தால் நாம் ஊகிக்க முடியுமாதலால், அதுவரையில் ஒரு சிறிய தகவலை மட்டும் கேட்கிறோம்: வந்து இறங்கிய 500 டாவோர்களோடு, இடதுகைக்காரருக்கான போல்ட் எத்தனை வந்தன?