‘ஓடுற வரைக்கும் ஓடட்டும்’: பழைய கன்ட்ரோல் சிஸ்டத்தை ஆலைகள் எப்போது மாற்ற வேண்டும்?

பல தொழிற்சாலைகளின் எலெக்ட்ரிக்கல் அறையில் 25, 30 வருடம் பழைய கன்ட்ரோல் பேனல் ஒன்று இன்னும் உழைத்துக்கொண்டிருக்கும். ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனப் பொட்டு அதன் கதவில் காய்ந்திருக்கும். மாற்றலாமா என்று பேச்செடுத்தால், ‘நல்லாத்தானே ஓடுது, அதை ஏன் தொடணும்?’ என்பதுதான் பதில். கேள்வி நியாயமானது. ஆனால், அதற்குப் பதில் தேடாமலே காலத்தை ஓட்டுவதுதான் சிக்கல்.

உள்ளே என்ன இருக்கிறது?

பேனலுக்குள் இருப்பது பி.எல்.சி. எனப்படும் சிறிய கணினி. சென்சார் தரும் தகவலைப் படித்து, எந்த மோட்டார் ஓட வேண்டும், எந்த வால்வு திறக்க வேண்டும் என்று கட்டளையிடுவது இதன் வேலை. ரிலேக்களால் நிரம்பியிருந்த பேனல்களுக்கு மாற்றாக 1960களின் கடைசியில் அமெரிக்கக் கார் ஆலைகளுக்காக உருவான தொழில்நுட்பம் இது. ஆபரேட்டர் பார்க்கும் திரை எச்.எம்.ஐ.; ஆலை முழுவதையும் ஒரே இடத்திலிருந்து கண்காணிக்கும் மென்பொருள் ஸ்காடா.

இரும்பால் ஆன பிரஸ் மெஷின் 40 வருடம்கூட உழைக்கும். அதை இயக்கும் எலெக்ட்ரானிக்ஸுக்கு அத்தனை ஆயுள் கிடையாது. பவர் சப்ளையில் உள்ள கெபாசிட்டர்கள் மெல்ல மெல்ல உலர்ந்துபோகும். வருடக்கணக்கில் நிற்காமல் ஓடிய பேனலை ஷட் டவுனுக்காக ஒருநாள் அணைத்தால், திரும்ப உயிர் வராமல் போவது இதனால்தான்.

இன்னொன்று பேட்டரி. பழைய பி.எல்.சி. பலவற்றில், புரோகிராமை நினைவில் தக்கவைப்பது ஒரு சின்ன லித்தியம் பேட்டரிதான். அது தீர்ந்திருக்கும் நேரத்தில் கரன்ட்டும் போனால், புரோகிராம் அழிந்துவிடும். பேக்கப் இல்லையென்றால் மெஷின் வெறும் இரும்புதான். தயாரித்த நிறுவனம் அந்த மாடலை எப்போதோ நிறுத்தியிருக்கும். ஸ்பேர் வாங்க பழைய பொருள் சந்தையில்தான் அலைய வேண்டும்.

நெட்வொர்க்கில் இணைந்தால்?

ஆலைகளில் இன்றும் பரவலாக உள்ள மோட்பஸ் என்ற தகவல் தொடர்பு முறை 1979இல் வந்தது. ‘கட்டளை அனுப்புவது யார்?’ என்று கேட்கும் வசதி அதில் இல்லை. யார் சொன்னாலும் கேட்கும். ஆலைக்குள் மட்டும் கேபிள் ஓடிய காலத்தில் அது குறையாகத் தெரியவில்லை. உற்பத்திக் கணக்கை மேலாளரின் செல்போனில் காட்ட, அதே கருவிகளை அலுவலக நெட்வொர்க்கோடு இணைத்தபோது நிலைமை மாறியது.

விண்டோஸ் எக்ஸ்பி-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2014 ஏப்ரலில் நிறுத்தியது. விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரியில். விண்டோஸ் 10-இன் வழக்கமான பதிப்புகளுக்கு 2025 அக்டோபரில். ஆனால், மெஷினோடு வந்த கணினிகள் அப்படியே தொடர்கின்றன.

2017 மே மாதம் ‘வான்னாக்ரை’ வைரஸ் பரவியபோது ரெனோ கார் நிறுவனம் சில ஆலைகளில் உற்பத்தியை நிறுத்தியது. சென்னையை அடுத்த ஒரகடத்தில் உள்ள ரெனோ-நிசான் ஆலையும் பாதிக்கப்பட்டதாக அப்போது செய்திகள் வந்தன. இந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் அதற்கு இரண்டு மாதம் முன்பே வெளியிட்டிருந்தது.

2018 ஆகஸ்ட்டில் அதே வைரஸின் இன்னொரு வடிவம் தைவானின் டிஎஸ்எம்சி சிப் ஆலைகளுக்குள் நுழைந்தது. புதிய கருவி ஒன்றை வைரஸ் சோதனை செய்யாமல் நெட்வொர்க்கில் இணைத்ததுதான் காரணம். நிலைமை சீராக சுமார் மூன்று நாள் ஆனது. உலகின் முன்னணி சிப் நிறுவனத்துக்கே இந்த கதி.

அப்டேட் போட்டால் என்ன?

போனில் போடுவதுபோல ஆலையில் போட முடியாது. ரீஸ்டார்ட் செய்ய லைன் நிற்க வேண்டும். மெஷின் தயாரித்த நிறுவனத்தின் ஒப்புதல் வேண்டும். மென்பொருள் புதிய விண்டோஸில் ஓடாமலும் போகலாம்.

அவசரமாக மாற்றுவதிலும் ஆபத்து உண்டு. 20 வருடத்தில் மெயின்டனன்ஸ் ஆட்கள் புரோகிராமில் எத்தனையோ சின்னச் சின்ன மாற்றம் செய்திருப்பார்கள். பாதி டிராயிங்கில் ஏறியிருக்காது. பாதுகாப்புக் கதவு திறந்திருந்தால் பிரஸ் இறங்கக் கூடாது என்ற இன்டர்லாக், அப்படிப் பின்னாளில் சேர்த்த ஒரு வரியாக இருக்கலாம். புதிய புரோகிராமில் அது விட்டுப்போனால் விலை, ஒரு தொழிலாளியின் கை.

அதனால் முதல் வேலை, அந்த மெஷினோடு காலம் கழித்த ஆபரேட்டரையும், ரிட்டயர் ஆகப்போகும் எலெக்ட்ரீஷியன் அண்ணனையும் உட்கார வைத்துக் கேட்பது. அவர்கள் சொல்வதை எழுதி வைப்பதற்குப் பெரிய பட்ஜெட் தேவையில்லை.

எங்கிருந்து தொடங்கலாம்?

* எந்த மெஷினில் எந்த மாடல், எந்த விண்டோஸ், ஸ்பேர் உண்டா என்று பட்டியல் போட வேண்டும்.

* எல்லா புரோகிராமுக்கும் பேக்கப் எடுத்து, அது வேலை செய்கிறதா என்று சோதிக்க வேண்டும். பேட்டரியை, மெஷினுக்கு கரன்ட் இருக்கும்போதே, தயாரிப்பாளர் சொன்ன முறையில் மாற்ற வேண்டும்.

* மாற்ற முடியாத பழைய கணினிகளை அலுவலக நெட்வொர்க்கிலிருந்து பிரித்து, நடுவே ஃபயர்வால் வைக்க வேண்டும். பென் டிரைவுக்கும் கட்டுப்பாடு வேண்டும்.

* எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றத் தேவையில்லை. பல ஆலைகளில் முதலில் எச்.எம்.ஐ. கணினி, பிறகு கன்ட்ரோலர் என்று போகலாம். சில மாடல்களில் பழைய வயரிங்கை அப்படியே வைத்துக்கொள்ள அடாப்டர்கள் உண்டு.

* புதிய புரோகிராமை வெளியே சிமுலேஷனில் சோதித்து, இன்டர்லாக்குகளை ஒவ்வொன்றாகச் சரிபார்த்த பிறகே லைனுக்குக் கொண்டுவர வேண்டும். சரிவராவிட்டால் பழையதற்கே திரும்ப வழி இருக்க வேண்டும்.

செலவு யார் கணக்கில்?

புதிய பி.எல்.சி.க்கான கொட்டேஷன் உடனே கண்ணில் படுகிறது. லைன் ஒரு ஷிஃப்ட் நின்றால் ஆகும் நஷ்டம் எந்தக் கோப்பிலும் எழுதப்படுவதில்லை. நிர்வாகம் இரண்டையும் ஒரே தாளில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்க்க வேண்டும். சிறு நிறுவனங்களுக்கு இது இன்னும் முக்கியம். ஒரே மெஷினை நம்பி ஆர்டர் எடுப்பவருக்கு, அது ஒரு வாரம் நின்றால் வாடிக்கையாளரே கைவிட்டுப் போகலாம்.

பழைய பேனலை மாற்றும் நாள் எப்படியும் வரும். பொங்கல் விடுமுறையில், ஸ்பேரும் பேக்கப்பும் ஆட்களும் தயாராக இருக்கும்போது அதை வரவழைக்கலாம். அதைச் செய்யாத ஆலைக்கு, டெலிவரி நெருக்கடியில் நள்ளிரவு இரண்டு மணிக்கு அந்த நாள் வந்து நிற்கும்.