இரவல் மேடையில் வாழுமோ கலை?

பிறர் வீட்டுத் திண்ணையில் ஆடும் கூத்து, வீட்டுக்காரன் விளக்கை அணைத்ததும் முடிந்துபோகும். ஆடுவோர் எத்துணைத் திறலாளராயினும், காண்போர் எத்துணைப் பேராயினும், விளக்கு அவர்கள் கையில் இல்லை. இற்றைத் தமிழ்க் கலைஞரின் நிலை இதுவே. மேலூரிலும் உசிலம்பட்டியிலும் சோழவந்தானிலும் பறையறைவோரும், கரகமெடுப்போரும், நாடகம் நடிப்போரும், ஓவியம் தீட்டுவோரும் தம் கலையை இணையவழி உலகுக்குக் காட்டுகின்றனர். ஆயின், அவர்கள் காட்டும் இடம் எதுவும் அவர்களுக்கு உரியதன்று. முகநூலும் இன்சுடாகிராமும் யூடியூபும் அமெரிக்க முதலாளியரின் உடைமைகள். ஆங்கே கலைஞன் குடியிருப்பவனே அன்றி உரிமையாளன் அல்லன்.

குடியிருப்பவனை எந்நாளும் வெளியேற்றலாம் என்பதற்குச் சான்று தேடித் தொலைவு செல்ல வேண்டா. 2019 ஏப்பிரலில் சென்னை உயர்முறைமன்றத்தின் மதுரைக் கிளை டிக்டாக்குச் செயலிக்குத் தடை வேண்டுமெனக் கூறியது. அத் திங்களிலேயே தடை நீங்கிற்று. ஆனால், 2020 சூன் 29-ஆம் நாள் நடுவணரசு 59 செயலிகளைத் தடைசெய்தபோது டிக்டாக்கும் அவற்றுள் ஒன்றாய் மறைந்தது. தடை சரியா, தவறா என்பது வேறு வழக்கு. அச் செயலியில் பாடியும் ஆடியும் பார்வையாளரைத் திரட்டியிருந்த சிற்றூர்க் கலைஞர், ஓரிரவில் அத்தனை பேரையும் இழந்தனர். இழந்தோரை மீண்டும் அழைக்க ஒரு முகவரியேனும் அவர்கள் கையில் இல்லை.

அது நேர்ந்த காலத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும். கொள்ளைநோய்க் காலம் அது. 2020, 2021 ஆகிய ஈராண்டும் அழகர் வையையில் இறங்கவில்லை. ஊர்த் திருவிழாக்கள் நின்றன. அவற்றை நம்பிய மேடைகளும் நின்றன. மண்மேடை மூடிய வேளையில், மின்மேடையும் பிறர் கையில் இருந்தது.

துரத்தாத முதலாளியும் நன்மை செய்துவிடுவதில்லை. யார் படைப்பை யார் காண வேண்டும் என்பதை அவனுடைய கணக்குநிரலே முடிவு செய்கிறது. நிறுத்தி வைத்து விளம்பரம் காட்டவல்லது எதுவோ, அது மேலேறும்; விடியவிடிய நடக்கும் வள்ளி திருமணத்தின் நுட்பமான சொற்போர் கீழே அமிழும். பற்றாக்குறைக்கு, மக்கள் பொதுவில் இட்ட படங்களையும் எழுத்துகளையும் தன் செயற்கை நுண்ணறிவுப் பொறிக்குத் தீனியாக்குவதாக முகநூலின் தாய் நிறுவனமான மேட்டாவே அறிவித்துள்ளது. உழைப்பவன் ஒருவன், அறுப்பவன் வேறொருவன் என்ற பழைய பண்ணையார் முறை புதுச் சட்டை அணிந்து வந்திருக்கிறது.

இதற்கு மாற்று உண்டு. 2016-இல் செருமனியில் ஆய்கன் உரோச்சுக்கோ என்னும் இளைஞர் மாசுடோடன் என்ற கட்டற்ற மென்பொருளை வெளியிட்டார். அதனை எவரும் எடுத்துத் தம் வழங்கியில் நிறுவலாம். ஒவ்வொரு வழங்கியும் ஒரு தனியூர். அதற்குத் தன் சட்டமும் தன் காவலும் உண்டு. எனினும், ஓர் ஊரார் வேற்றூராரோடு தடையின்றிப் பேசலாம். அவர் படைப்பைப் பின்தொடரலாம். இவ் ஊர்களை இணைக்கும் ஆக்டிவிட்டிபப்பு என்னும் பொதுநெறியை, உலகளாவிய வலைச் சேர்த்தியம் 2018 சனவரியில் ஏற்றுப் பரிந்துரைத்தது. அதே நெறியில் படங்களுக்குப் பிக்சல்பெடு என்பதும், காணொளிகளுக்குப் பியர்டியூபு என்பதும் இயங்குகின்றன. கலைஞர்க்கென்றே தனி மாசுடோடன் வழங்கி மேலையுலகில் நடந்துவருகிறது. ஓர் ஊர் பிடிக்கவில்லையெனில், பின்தொடர்வோரை உடன் அழைத்துக்கொண்டே வேற்றூருக்குக் குடிபெயரலாம். மாசுடோடன் தமிழிலும் பேசுகிறது.

இது புதிய முறையென வியப்போர் மதுரையின் நாடக மரபை அறியாதோர். 1918-இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கிய தவத்திரு சங்கரதாசு அடிகள் தந்த நாடகங்களே இன்றும் பாண்டி நாட்டுச் சிற்றூர்களில் நடிக்கப்படுகின்றன. மக்கள் 'இசுபெசல் நாடகம்' என வழங்கும் அதில் நாடகக் குழு என ஒன்றில்லை, முதலாளி இல்லை, ஒத்திகையும் இல்லை. இராசபார்ட்டு நடிப்பவர் புதுக்கோட்டையிலிருந்து வருவார். வள்ளியாய் வருபவர் மதுரைக்காரர். பபூன் திண்டுக்கல்லிலிருந்து வருவார். ஆர்மோனியக்காரரை அன்று மாலைதான் முதன்முறை காண்பார்கள். எனினும், விடியும்வரை நாடகம் சிதையாது ஓடும். எப்படி? நாடகப்பாடம் அனைவர்க்கும் பொது. எந்தப் பாட்டுக்குப்பின் எந்தப் பாட்டு என்பது எல்லாரும் அறிந்த நெறி. அந் நெறிக்குள் அவரவர் திறம் அவரவர்க்கே உரியது. மதுரை, புதுக்கோட்டை, திண்டுக்கல் ஆகிய ஊர்களின் நடிகர் சங்கங்கள் தனித்தனியே இயங்கினும், மேடை ஒன்றாகிவிடுகிறது. கூட்டிணைந்த வலையின் இலக்கணம் இதுவன்றி வேறென்ன?

இன்னும் தொன்மையான சான்றும் உண்டு. பரிசில் பெற்ற கலைஞன், வறுமையுற்ற மற்றொரு கலைஞனை வழியில் கண்டு, தான் பெற்ற இடத்துக்கு ஆற்றுப்படுத்துவதையே பத்துப்பாட்டுள் ஆற்றுப்படை நூல்கள் பல பாடுகின்றன. கலைஞனுக்கு வழிகாட்டியவன் கலைஞனே. இடையில் தரகன் இல்லை. கூட்டிணைந்த வலையிலும் ஒருவர் படைப்பை மற்றொருவர் எடுத்துக்காட்டினால்தான் அது பரவும். விளம்பரக் கணக்குநிரல் அங்கு இல்லை.

'மக்கள் அனைவரும் முகநூலில் இருக்க, ஆளில்லா ஊரில் யாருக்குப் பறை அடிப்பது?' எனச் சிலர் கேட்பர். கேள்வி சரியானதே. 2019 நவம்பரில், துவிட்டர் மீது சினமுற்று இந்தியர் பலர் மாசுடோடனுக்குச் சென்றனர். அவ் விரைவு நீடிக்கவில்லை. தனித்தனியே சினந்து போனவர்களுக்கு அங்கே உறவு இல்லை என்பதே அதன் பாடம். எனவே சந்தையில் கடை விரிப்பதைக் கலைஞர் உடனே நிறுத்த வேண்டுவதில்லை. சந்தையில் விற்கட்டும், வீட்டைச் சொந்த மண்ணில் கட்டட்டும். முழுப் படைப்பும் முதலில் தம் வழங்கியில் ஏறட்டும். அதன் துணுக்கு மட்டும் முதலாளியின் தளத்துக்குப் போய், காண்போரை வீட்டுக்கு அழைத்து வரட்டும்.

வீடு கட்டுவதில் இடர்ப்பாடும் உண்டு. அதை மறைத்தல் அறமன்று. வழங்கிக்குத் திங்கள்தோறும் செலவுண்டு. இரவு முழுதும் நடக்கும் நாடகக் காணொளி பேரிடம் கொள்ளும். இழிசொல் பேசுவோரை விலக்கவும், பழுது பார்க்கவும், படி எடுத்து வைக்கவும் ஆள் வேண்டும். குடிபெயர்கையில் பின்தொடர்வோர் உடன்வருவர்; பழைய பதிவுகள் வாரா. ஒருவர் ஆர்வத்தால் தொடங்கிய வழங்கி, அவர் சலித்த நாளில் மூடப்படும். ஆதலின் இது தனியாள் வேலையன்று, சங்கத்தின் வேலை. நாடக நடிகரும் நாட்டுப்புறக் கலைஞரும் ஓவியரும் கூடி ஓர் அவை அமைக்க வேண்டும். ஆளுக்குச் சிறுதொகை இட வேண்டும். கணிப்பொறி கற்ற மதுரை இளைஞர் இருவரேனும் காவலராக அமர வேண்டும். ஆணைகளும் அறிவிப்புகளும் ஒழுங்குமுறையும் தமிழிலேயே இருக்க வேண்டும். எழுதப் படிக்க இடர்ப்படும் மூத்த கலைஞர்க்கு அருகிருந்து உதவ வேண்டும்.

மதுரையில் தொடங்கும் ஒன்று மதுரையோடு நிற்க வேண்டுவதில்லை. புதுக்கோட்டையார் தமக்கொன்று, ஈழத்தார் தமக்கொன்று, மலேசியத் தமிழர் தமக்கொன்று என நிறுவலாம். எவரும் எவர்க்கும் அடிமையாகாமல் எல்லாரும் ஒரு மேடையில் கூடலாம்.

பொதுப் பாடத்தை வைத்துக்கொண்டு முதலாளியின்றி விடியவிடிய ஆடிக் காட்டியவர்கள் பாண்டி நாட்டுக் கலைஞர். அவர்களுக்கு இது கற்றுத்தர வேண்டிய கலையன்று. விளக்கைத் தம் கையில் எடுத்தால் போதும்.