ஜெனீவாவில் இந்தியா அழுத்தும் பட்டன்: காரணம் கேட்டால் யார் பதில் சொல்வது?

சென்னையில் பாதிப் பேருக்குப் புழல் என்றால் ரெண்டே விஷயம்தான் ஞாபகத்துக்கு வரும். ஒன்று ஏரி, இன்னொன்று மத்திய சிறை. மூன்றாவதாக ஒன்றும் இருக்கிறது. செங்குன்றம் போகிற வழியில், காவாங்கரையில் உள்ள இலங்கைத் தமிழர் முகாம். 2021 ஆகஸ்ட் வரை அதற்குப் பெயர் அகதிகள் முகாம். அதன்பிறகு தமிழக அரசு 'மறுவாழ்வு முகாம்' என்று மாற்றியது. இந்த மாதிரி முகாம்கள் தமிழ்நாடு முழுக்க 100-க்கு மேல் உண்டு. சுமார் 58,000 பேர் அவற்றில் இருக்கிறார்கள். முகாமிலேயே பிறந்து, முகாமிலேயே கல்யாணம் செய்து, அங்கேயே பிள்ளை பெற்றவர்களும் அதில் அடக்கம்.

இவர்கள் திரும்பிப் போக முடியுமா, போனால் நிலம் கிடைக்குமா, காணாமல் போன அண்ணன் என்ன ஆனான் என்று யாராவது சொல்வார்களா? இந்தக் கேள்விகள் கொஞ்சமாவது பேசப்படுகிற ஒரு சர்வதேச மேடை, ஜெனீவாவில் உள்ள ஐ.நா. மனித உரிமைகள் கவுன்சில். 47 நாடுகள் உறுப்பினர். 2025 அக்டோபரில் நடந்த தேர்தலில் இந்தியா ஏழாவது முறையாகத் தேர்வானது. 2026 முதல் 2028 வரை நமக்கு அங்கே ஒரு நாற்காலி, ஒரு ஓட்டு.

அந்த ஓட்டை எப்படிப் போட வேண்டும் என்று முடிவு செய்வது யார்? போட்ட பிறகு, ஏன் அப்படிப் போட்டாய் என்று கேட்கிற உரிமை யாருக்கு? கட்டுரை இதைப் பற்றித்தான்.

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம்

இலங்கை தொடர்பாக இந்தக் கவுன்சிலில் ஆறு முக்கிய வாக்கெடுப்புகள் நடந்திருக்கின்றன. ஆறிலும் இந்தியா உறுப்பினர்.

போர் முடிந்த சில நாட்களிலேயே, 2009 மே 27-ல் முதல் வாக்கெடுப்பு. இலங்கையே கொண்டுவந்த தீர்மானம் அது. 29 நாடுகள் ஆதரவு, 12 எதிர்ப்பு. இந்தியா ஆதரவு. 2012-லும் 2013-லும் அமெரிக்கா கொண்டுவந்த தீர்மானங்கள் இலங்கையிடம் பொறுப்புக்கூறலைக் கேட்டன. அவற்றையும் இந்தியா ஆதரித்தது. 2014 மார்ச் 27-ல் சர்வதேச விசாரணைக்கு வழிவிடும் தீர்மானம் வந்தபோது வாக்களிக்காமல் விலகி நின்றது. 2021 மார்ச் 23, 2022 அக்டோபர் 6 இரண்டிலும் அதே விலகல்.

அதாவது ஒரு தடவை இலங்கை பக்கம், ரெண்டு தடவை எதிர்ப்பக்கம், மூணு தடவை ஓரமாக. 2014-ல் விலகியது காங்கிரஸ் தலைமையிலான அரசு. 2021, 2022-ல் பா.ஜ.க. தலைமையிலான அரசு. ஆகவே இதைக் கட்சிச் சண்டையாக மாற்ற நினைப்பவர்களுக்கு இங்கே பெரிய தீனி இல்லை.

ஓட்டு பகிரங்கம், காரணம்?

ஜெனீவாவில் வாக்கெடுப்பு ரகசியமானது இல்லை. பட்டனை அழுத்தியதும் எந்த நாடு என்ன செய்தது என்று திரையிலேயே தெரியும். ஐ.நா. இணையதளத்தில் வீடியோ ஓடும். தீர்மானத்தின் கடைசியில் நாடுகளின் பெயர்ப் பட்டியலும் இருக்கும். உங்கள் போனிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

காரணம்தான் சிக்கல். இந்தியத் தூதர் ஒரு சின்ன விளக்கம் வாசிப்பார். 2021-ல் வாசித்ததன் சாரம்: இலங்கைத் தமிழர்களின் சமத்துவம், நீதி, கண்ணியம் ஒருபக்கம், இலங்கையின் ஒற்றுமை, நிலைத்தன்மை, பிரதேச ஒருமைப்பாடு இன்னொருபக்கம், இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரானவை என்று இந்தியா நினைக்கவில்லை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இதே வாசகத்தைச் சொல்லிவிட்டு ஆதரித்தும் ஓட்டுப் போடலாம், எதிர்த்தும் போடலாம். 2014-ல் கொஞ்சம் வெளிப்படையாகவே பேசினார்கள். வெளியிலிருந்து வரும் விசாரணை ஒரு நாட்டின் இறையாண்மைக்குள் மூக்கை நுழைப்பது என்பதுதான் அன்றைய ஆட்சேபம். ஒத்துக்கொள்கிறோமோ இல்லையோ, அது ஒரு காரணம். வாதாட முடியும்.

2012-ல் நடந்தது இன்னும் சுவாரஸ்யம். வாக்கெடுப்புக்கு முன்பு, தீர்மானத்தை ஆதரிக்கும் எண்ணத்தில் இருக்கிறோம் என்று பிரதமர் மன்மோகன் சிங் மக்களவையில் சொன்னார். தமிழ்நாட்டில் பலருக்கு நிம்மதி. அதே நேரத்தில் ஜெனீவாவில், ஐ.நா. அலுவலகம் தரும் ஆலோசனையும் உதவியும் இலங்கை அரசின் சம்மதத்தோடுதான் இருக்க வேண்டும் என்கிற வாசகம் தீர்மானத்துக்குள் வந்தது. அதற்காக முயன்றது இந்தியா. வாக்கெடுப்பு முடிந்ததும் அதிபர் ராஜபக்சவுக்குப் பிரதமர் எழுதிய கடிதத்தில், தீர்மானத்தின் மொழியைச் சமன்படுத்தியது நாங்கள்தான் என்று எடுத்துச் சொல்லப்பட்டது. சென்னைக்கு ஒரு செய்தி, கொழும்புக்கு ஒரு செய்தி. ராஜதந்திரத்தில் இது சகஜம் என்பார்கள். இருக்கலாம். ஆனால் அந்த ஒரு வரி எதற்காகச் சேர்ந்தது என்பது வாக்கெடுப்புக்கு முன்பு நாடாளுமன்றத்தில் பேசப்பட்டிருக்க வேண்டாமா?

சட்டம் என்ன சொல்கிறது?

நம் அரசமைப்பில் வெளியுறவு முழுக்க மத்தியப் பட்டியலில் இருக்கிறது. அதன் 12-வது பதிவு 'ஐக்கிய நாடுகள் அமைப்பு' என்றே தனியாக உள்ளது. 13-வது பதிவு, சர்வதேச மாநாடுகளில் பங்கேற்பதும் அங்கே எடுக்கும் முடிவுகளைச் செயல்படுத்துவதும். 73-வது பிரிவின்படி, நாடாளுமன்றம் சட்டம் இயற்றக்கூடிய விஷயங்களில் எல்லாம் மத்திய அரசு நிர்வாக ரீதியாக முடிவெடுக்கலாம்.

இதற்கு அர்த்தம் இதுதான். ஐ.நா.வில் எப்படி ஓட்டுப் போடுவது, போட்ட பிறகு எப்படி அறிக்கை தருவது என்று நாடாளுமன்றம் தாராளமாகச் சட்டம் போடலாம். போடவில்லை. அதனால் டெல்லியில் வெளியுறவு அமைச்சகம் முடிவெடுக்கிறது, ஜெனீவாவில் உள்ள தூதரகத்துக்கு உத்தரவு போகிறது, பட்டன் அழுத்தப்படுகிறது. யாரிடமும் முன்அனுமதி தேவையில்லை, பின்விளக்கமும் கட்டாயமில்லை.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டுப் பார்க்கலாமே என்று தோன்றும். 8-வது பிரிவின் முதல் விலக்கே இதுதான்: வெளிநாட்டு உறவைப் பாதிக்கும் தகவலைத் தர வேண்டியதில்லை. அமைச்சகத்தின் ஆண்டறிக்கையில் ஐ.நா. பற்றி ஓர் அத்தியாயம் வரும். என்ன நடந்தது என்பது அதில் இருக்கும், ஏன் என்பது இருக்காது. வெளியுறவுக்கான நாடாளுமன்ற நிலைக்குழு அதிகாரிகளைக் கூப்பிட்டுக் கேட்கலாம். அதன் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தாது.

மிஞ்சுவது தெரு. 2013 மார்ச்சில் லயோலா கல்லூரி மாணவர்கள் தொடங்கிய உண்ணாவிரதம் மாநிலம் முழுக்கப் பரவியது. மார்ச் 19-ல் தி.மு.க. மத்திய அரசிலிருந்து வெளியேறியது. 21-ம் தேதி ஜெனீவாவில் இந்தியா தீர்மானத்தை ஆதரித்தது. நாடாளுமன்றத்தில் தனித் தீர்மானம் கொண்டுவரும் யோசனை மட்டும் மற்ற கட்சிகள் ஒத்துழைக்காததால் நின்றுபோனது. அடுத்த வருஷமே இந்தியா விலகி நின்றது. தெருவை நம்பினால் இப்படித்தான்: கூட்டம் இருக்கிற வருஷம் ஒரு ஓட்டு, கலைந்த வருஷம் வேறு ஓட்டு.

அரசுத் தரப்பில் நியாயமே இல்லையா?

இருக்கிறது. ஒரு நாட்டைக் குறிவைத்து வரும் தீர்மானங்களை ஆதரித்தால், நாளைக்குக் காஷ்மீர் என்று நம் மீதே திரும்பும் என்கிற கவலை டெல்லிக்கு ரொம்பப் பழசு. கொழும்பை ரொம்ப அழுத்தினால் அது சீனா பக்கம் சாயும் என்பதும் வெறும் சாக்கு இல்லை. சிறைபிடிக்கப்படும் நம் மீனவர்களை விடுவிக்கவும் பேசியாக வேண்டியது அதே கொழும்போடுதான். பேச்சுவார்த்தை நடக்கும்போதே கையிலிருக்கும் சீட்டை எல்லோருக்கும் காட்ட முடியாது என்பதையும் ஏற்றுக்கொள்ளலாம்.

ஆனால் ஆட்டம் முடிந்த பிறகும் சீட்டைக் காட்ட மாட்டேன் என்றால் எப்படி? 1987 ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட நாடு இந்தியா. அதன் தொடர்ச்சியாக வந்த 13-வது திருத்தத்தை முழுமையாக அமல்படுத்துங்கள், மாகாண சபைத் தேர்தலை நடத்துங்கள் என்று ஜெனீவாவில் திரும்பத் திரும்பச் சொல்வதும் இந்தியாதான். வடக்கில் கடைசியாக மாகாண சபைத் தேர்தல் நடந்தது 2013-ல். விலகி நின்று, அமைதியாகப் பேசிச் சாதிப்போம் என்ற வழி என்ன பலன் தந்தது என்று ஒரு கணக்காவது வேண்டும். பலன் தந்திருந்தால் சொல்வதில் அரசுக்கும் லாபம்தானே?

கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. கவுன்சிலில் இந்தியா போட்ட ஒவ்வொரு ஓட்டுக்கும் காரணத்தோடு ஒரு அறிக்கை, வருஷத்துக்கு ஒரு முறை, நாடாளுமன்றத்தில். உடனே வேண்டாம், ஆறு மாதம் கழித்துக்கூட வரட்டும். மிக ரகசியமானதை நிலைக்குழுவின் மூடிய அறையில் சொல்லட்டும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. காவாங்கரை முகாம் இருக்கும் புழல் பகுதி திருவள்ளூர் மக்களவைத் தொகுதியில் வருகிறது. இன்னொரு முகாம் உள்ள கும்மிடிப்பூண்டியும் அதே தொகுதிதான். ஜெனீவா ஓட்டு யாரை நேரடியாகத் தொடுகிறதோ, அவர்களில் இத்தனை பேர் ஒரே எம்.பி.யின் எல்லைக்குள் இருக்கிறார்கள். ஆனால் இந்தியக் குடியுரிமை இல்லாததால் அந்த எம்.பி.யைத் தேர்ந்தெடுக்கும் உரிமை முகாம்வாசிகளுக்கு இல்லை. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்திலும் இலங்கைத் தமிழர்களுக்கு இடமில்லை. 2025-ல் வந்த ஒரு உத்தரவு, 2015 ஜனவரி 9-க்குள் வந்து பதிவு செய்தவர்களைத் தண்டனை நடவடிக்கையிலிருந்து விலக்கியது. அதனால் கைதாகும் பயம் குறையும், ஓட்டு வராது. அவர்களுக்காகக் கேட்க வேண்டியவர்கள் ஓட்டுரிமை உள்ள அக்கம்பக்கத்தார், அதாவது நாம்.

2024, 2025 தீர்மானங்கள் வாக்கெடுப்பே இல்லாமல் நிறைவேறின. அதனால் யார் எந்தப் பக்கம் என்ற பதிவே இல்லை. 2025-ல் இந்தியா உறுப்பினரும் இல்லை. போர்க்கால மீறல்களுக்கான ஆதாரங்களைத் திரட்டிப் பாதுகாக்கும் ஐ.நா. அலுவலகத்தின் பணியை 2025 தீர்மானம் இரண்டு வருடங்களுக்கு நீட்டித்திருக்கிறது. 2027 இலையுதிர்காலத்தில் மறுபடி முடிவெடுக்க வேண்டும். அப்போது இந்தியா உள்ளே இருக்கும். மக்களவையில் ஒரு உறுப்பினர் கேள்வி கொடுக்க 15 நாள் முன்னறிவிப்பு போதும். திருவள்ளூர் எம்.பி. மட்டுமில்லை, 39 பேரில் யார் வேண்டுமானாலும் கேட்கலாம்: 2022-ல் விலகி நின்றதால் என்ன கிடைத்தது, 2027-ல் என்ன செய்யப் போகிறீர்கள்?